ஒரு நிமிட ஒலி அஞ்சலி

“இங்க சாத்தினா நல்லாருக்கா, குன்னெல்?” என்று கேட்டான் கென்னெத்.

இரண்டு கைக்கும் அடங்காத மலர்வளையத்தோடு அவன் வோல்வோ காரின் திறந்த பின்கதவுக்கு முன்னால் நின்றிருந்தான். கறுப்புக் கோட்டின் மேல் சங்கத்தின் தோல் சட்டை. ஜூலை வெயிலில் இரண்டையும் மாட்டிக்கொண்டு வியர்வையில் ஊறியிருந்தான். தலைவர் பதவி என்றால் சும்மாவா.

குன்னெல் பார்த்தாள். அவன் வளையத்தைச் சாத்திய இடம், ஆம்ப்ளிஃபயர்களுக்குக் காற்றுப் போகும் கம்பி வலை. அதற்குப் பின்னால் விசிறிகள் சுழன்றுகொண்டிருந்தன. லில்லிப் பூக்கள் வலையோடு அப்பிக்கொண்டன. காற்று இழுத்த இழுப்பில் ‘கனத்த ஒலிச் சங்கம், ஸ்காரா வட்டாரம்’ என்று பொன் எழுத்து போட்ட ரிப்பனும் உள்ளே ஒட்டிக்கொண்டது.

அவள் கணவன் ஸ்டெல்லான் கோயிலுக்குள் சவப்பெட்டியில் இருந்தான். அவனுடைய இந்த வோல்வோவை ஊர்வலத்துக்கு முன்னால் விட்டு, வழியெல்லாம் பாட்டை அலறவிட்டு, கல்லறைச் சுவர் ஓரமாகக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். ஆராதனை முடிவதற்குள் ஆம்ப்ளிஃபயர் ஆறிவிடும் என்பது கென்னெத்தின் கணக்கு. பிறகு பெட்டியைக் குழியில் இறக்கியதும் மௌன அஞ்சலிக்குப் பதிலாக ஒரு நிமிட ஒலி அஞ்சலி. அவசரக் கூட்டம் போட்டு, முன்மொழிந்து, வழிமொழிந்து, ஏகமனதாக நிறைவேற்றிய தீர்மானம். கல்லறைக்குள் இருக்கும் மற்றவர்களிடம் யாரும் அபிப்பிராயம் கேட்கவில்லை.

“அம்மா, முடியாதுன்னு சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே,” என்று மகள் இல்வா காதோடு சொன்னாள்.

“சொன்னேனே.”

“என்னன்னு சொன்னே?”

“அப்படியும் செய்யலாம்தான்னு சொன்னேன்.”

எங்கள் பக்கத்தில் அதைவிடக் கடுமையாக யாரும் மறுத்துவிட முடியாது. ஆனால் சங்கத்து ஆட்களுக்கு வருஷக்கணக்கில் காது மந்தம். சம்மதம் என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்கள்.

ஸ்டெல்லான் நல்லவன். குடிக்கமாட்டான், கைநீட்டமாட்டான். சத்தம் மட்டும்தான். யார் கார் அதிகச் சத்தமாய்ப் பாடும் என்று நடக்கும் போட்டிகளில் அவன் காருக்கு வெளியே நின்று கைகட்டி ரசிப்பான். குன்னெல் முன் சீட்டில் காதை அடைத்துக்கொண்டு இரண்டு மீட்டர் முட்களைப் பார்த்திருப்பாள்: ஒன்று வோல்ட், இன்னொன்று சூடு. முள் சிவப்பைத் தொட்டால் கண்ணாடியைத் தட்ட வேண்டும். அவர்களுடைய தாம்பத்தியத்தில் பாதி உரையாடல் அந்தத் தட்டல்தான். போன மாதம் ஆஸ்பத்திரியில், அவள் கீழே காப்பி மெஷினில் சில்லறை தேடிக்கொண்டிருந்தபோது அவன் இதயம் நின்றுபோனது. வாழ்க்கையிலேயே அவன் சத்தமில்லாமல் செய்த ஒரே காரியம். அதையும் அவள் தவறவிட்டாள். இன்றைக்காவது அவனோடு ஒரு நிமிடம் சும்மா நிற்க வேண்டும் என்று இருந்தது. வேறொன்றும் கேட்கவில்லை.

“கரண்டுக்குக் குறையே இல்ல,” என்றான் கென்னெத். “பேட்டரி எல்லாம் புதுசு. ரெண்டு ஆல்டர்னேட்டரும் ஓடுது. இன்ஜினை அணைக்கவே மாட்டோம். போதகரம்மாகிட்ட பேசியாச்சு.”

கரண்டைப் பற்றியே யோசிக்கிற ஆண்கள் காற்றைப் பற்றி யோசிப்பதில்லை. அது இலவசமாக வருகிறது.

“வளையம் எப்படி?” என்று மறுபடியும் கேட்டான்.

“நல்லா இருக்கு,” என்றாள் குன்னெல். “நகத்தாதே.”

பெட்டி இறங்கியது. போதகரம்மா மூன்று தடவை மண் தூவினார். கென்னெத் போருக்கு உத்தரவிடுகிறவன் மாதிரி கையை உயர்த்தினான். காருக்குள் இருந்த சங்கத்து ஆள் ஊல்ஃப் பொத்தானை அமுக்கினான்.

அதிர்வு முதலில் செருப்புக்கடியில் வந்தது. பிறகு முழங்காலில். போதகரம்மாவின் அங்கி தானாக நடுங்கியது. குழியின் விளிம்பிலிருந்து மணல் பெட்டியின் மேல் சரசரவென்று வழிந்தது. சங்கத்தார் கண்களை மூடிக்கொண்டார்கள். குன்னெல் வோல்வோவைப் பார்த்தாள்.

சத்தம் நின்றது.

கென்னெத்தின் கை மட்டும் மேலேயே இருந்தது.

“ஆம்ப்ளிஃபயர் சூட்டுல நின்னுபோச்சு, தலைவரே,” என்று காருக்குள்ளிருந்து ஊல்ஃப் கத்தினான். ரகசியம் சொல்வதாக அவனுக்கு நினைப்பு. “சிவப்பு லைட்டு.” இன்ஜினையும் அணைத்துவிட்டான்.

என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை. தீர்மானத்தில் இதற்கு இடமில்லை. போதகரம்மாதான் தலையைக் குனிந்தார். சங்கத்தார் ஒவ்வொருவராகத் தொப்பியைக் கழற்றினார்கள். கென்னெத்தின் கை, பூச்சி ஓட்டுவதுபோல் பாவனை செய்து கீழே வந்தது.

சுவருக்கு அப்பால் பார்லி வயலில் காற்று போனது. யாருடைய தோல் சட்டையோ கிரீச்சிட்டது. எங்கோ மேலே ஒரு வானம்பாடி. குன்னெல் குழிக்குள் பார்த்துக்கொண்டு நின்றாள். தோள்கள் இரண்டும் மெல்ல இறங்கின. அதுவரை அவை உயர்ந்திருந்தது அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது.

போதகரம்மா ஆமென் சொன்னதும் கென்னெத் ஓடிவந்தான். முகம் தக்காளியாகச் சிவந்திருந்தது.

“மன்னிச்சிரு, குன்னெல். கொஞ்சம் ஆறட்டும். காப்பி குடிச்சிட்டு வந்து திரும்பப் போட்டுரலாம்.”

“வேணாம், கென்னெத்.”

அப்படி ஒரு வார்த்தையை அவள் வாயிலிருந்து அவன் கேட்டதே இல்லை. கொஞ்சம் யோசித்தான். திரும்பி வளையத்தைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான்.

“ஆமா, நான் இதைச் சாத்துறப்ப நீ பக்கத்துலதானே நின்னே? சூட்டைப் பாக்குறது எப்பவும் உன் வேலைதானே?”

“இன்னைக்கு லீவு,” என்றாள் குன்னெல்.

கென்னெத் கழுத்து வியர்வையைத் துடைத்தான். பிறகு அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. “ஸ்டெல்லான் இருந்திருந்தா என்னைக் கொன்னே போட்டிருப்பான்,” என்றான். தோல் சட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டான். இப்போது பார்க்கச் சாதாரண மனிதனாகத் தெரிந்தான்.

கோயில் கூடத்தில் கேக் மாதிரி அடுக்கிய இறால் சாண்ட்விச்சை வெட்டினார்கள். சங்கத்தார் சுவரோரமாக உட்கார்ந்து, குரலைத் தாழ்த்த முயன்று தோற்றுக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் அதுவும் ஓய்ந்தது. முள்கரண்டிகள் தட்டில் உரசுவது மட்டும் கேட்டது.

இல்வா அம்மாவுக்குக் காப்பி ஊற்றிவிட்டு அடுத்த மேசைக்கு நகர்ந்தாள்.

கோப்பை தட்டில் கிடுகிடுத்துச் சிந்திவிடாமல் இருக்க, குன்னெல் வீட்டில் பாட்டு அதிரும்போது செய்வதுபோல அதன் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டாள். கோப்பை அசையாமல்தான் இருந்தது. ஆவி கையில் பட்டுக்கொண்டே இருந்தது. அவள் கையை எடுக்கக் கொஞ்ச நேரமாயிற்று.