ஒரு நாள் முன்னால் வந்தவள்

பிலடெல்ஃபியா நகரத்தில் எத்தனை நூலகங்கள் இருக்கின்றன என்று எண்ணிச் சொல்லும் வேலை பியூலா ஹாலோவெல்லுக்குக் கிடைத்தது 1875-ஆம் வருஷம் அக்டோபர் மாதத்தில். அடுத்த வருஷம் நாட்டுக்கு நூறு வயது. பெரிய கண்காட்சி நடக்கப்போகிறது. வருகிற வெளியூர்க்காரர்கள் கையில் கொடுக்க நகரத்தைப் பற்றி ஒரு புத்தகம் வேண்டும். அதில் நூலகங்களுக்கு ஓர் அத்தியாயம் வேண்டும் என்று ஒரு குழு முடிவுசெய்திருந்தது. குழுவின் செயலாளர் மிஸ்டர் ஷிப்லிக்கு நான்கு படி ஏறினால் மூச்சிரைக்கும். ஏறி இறங்க ஆள் தேடினார்.

பியூலாவுக்கு நாற்பத்திரண்டு வயது. குவேக்கர் குடும்பம். பாட்டு, கூத்து, பகட்டான துணி எதுவும் ஆகாத சபை அது. இருபது வருஷம் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை அடக்கியவள். சாம்பல் நிற உடுப்பு, முகத்தை மூடினாற்போலத் தொப்பி, வாயில் வார்த்தை கொஞ்சம். அப்பா இறந்தபின் மிசஸ் கெரிட்டி என்ற அயர்லாந்துக்கார விதவையின் வீட்டில் மாடி அறையில் வாடகைக்கு இருந்தாள்.

முதலில் போனது பணக்காரர்கள் சந்தா கட்டி நடத்தும் பழைய நூலகம். பளிங்குப் படிக்கட்டு, தோல் அட்டை வாசனை, செருப்புச் சத்தம் கேட்டால்கூட முகம் சுளிக்கிற கிழவர்கள். வாசலில் நின்ற காவல்காரன் அவளைப் பார்த்ததும் தொப்பியைத் தொட்டான்.

"வாங்கம்மா. நேத்து ஏதாச்சும் விட்டுட்டுப் போயிட்டீங்களா?"

"நேத்தா? நான் இன்னைக்குத்தான் முதல் தடவையா வர்றேன்."

"காலைல ஒன்பது மணிக்கு வந்தீங்களே. சன்னலோரமா அந்த நாற்காலியை வாசப் பக்கம் திருப்பிப் போட்டுட்டு உக்காந்திருந்தீங்க. பெரியவர் ஒருத்தர், யாருடா நாற்காலியைத் திருப்பினதுன்னு என்னைய சத்தம் போட்டாரு."

ஆள் மாறாட்டம் என்று நினைத்துக்கொண்டாள். சாம்பல் உடுப்புப் போட்ட குவேக்கர் பெண்கள் அந்த ஊரில் ஆயிரம் பேர்.

மூன்று நாள் கழித்து, கடைக் குமாஸ்தாக்கள் சேர்ந்து நடத்தும் நூலகத்துக்குப் போனாள். அங்கே அமைதி என்ற பேச்சுக்கே இடமில்லை. ஒரு பக்கம் சதுரங்கம், ஒரு பக்கம் செய்தித்தாளுக்குச் சண்டை. புத்தகம் எடுத்துக் கொடுக்கும் இளைஞன் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு சிரித்தான்.

"நேத்து பதினோரு மணிக்கு வந்தப்ப ஒரு வார்த்தை பேசலை. இன்னைக்கு நோட்டும் கையுமா வந்திருக்கீங்க! என்ன வேணும்னு நான் மூணு தடவை கேட்டேன். வாசலையே பார்த்துட்டு இருந்தீங்க. அப்பறம் காணோம். இந்தக் கூட்டத்துல எப்பப் போனீங்கன்னே தெரியலை."

"என் முகம்தானா? நல்லாப் பார்த்துச் சொல்லுப்பா."

"முகத்தை எப்படி மறப்பேன்? எங்க டீச்சரம்மா முகம் மாதிரியே இருக்கே," என்றான்.

அன்று சாயங்காலம் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்த மிசஸ் கெரிட்டியிடம் பேச்சுவாக்கில் இதைச் சொன்னாள். அவள் கையிலிருந்த கத்தி நின்றது.

"காலைலயா பார்த்தாங்க?"

"ஒருத்தர் ஒன்பது மணிங்கறார். இன்னொருத்தர் பதினொண்ணு."

"அப்ப சரி. எங்க ஊர்ல சொல்லுவாங்க, உசிரோட இருக்கறவங்களோட உரு சில நேரம் தனியாக் கெளம்பிப் போயிடும்னு. காலைல கண்ணுல பட்டா அந்த ஆளுக்கு நீண்ட ஆயுசு. பொழுது சாயற நேரத்துல பட்டா..." சிலுவை போட்டுக்கொண்டாள். "பட்டா நல்லதில்ல. நீங்க கொஞ்சம் சூப் குடிங்க, மூஞ்சி வெளுத்துக் கெடக்கு."

பியூலா இதையெல்லாம் நம்புகிறவள் இல்லை. ஆனாலும் அன்றிரவு நோட்டைத் திறந்து இரண்டு பெயர்களுக்கும் பக்கத்தில் மணியைக் குறித்துவைத்தாள்.

மூன்றாவது, ஜெர்மன்காரர்களின் பாட்டுச் சங்கம். கீழே பீர் பீப்பாய்கள், மேலே ஆயிரத்து இருநூறு ஜெர்மன் புத்தகங்கள், நடுவில் பியானோ. சாவி வைத்திருந்தவர் தொந்தியும் தாடியுமான ரொட்டிக்கடைக்காரர், பெயர் ஓபர்ஹோல்ட்சர். அவளைக் கண்டதும் இரண்டு கையையும் விரித்தார்.

"வாங்கம்மா வாங்க! நேத்து மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு நாங்க ஒத்திகை பார்க்கறப்ப மேல உக்காந்துட்டு மெல்லமா கூடவே பாடினீங்களே! எங்க பசங்க திகைச்சுப் போயிட்டானுங்க. குவேக்கர் அம்மா பாடறதை இந்த ஊர்ல எவன் கேட்டிருக்கான்? ரெண்டாம் குரல், துளி பிசகலை. இன்னைக்கும் ஒண்ணு பாடுங்க, பீர் என் செலவு."

பியூலா பிடித்திருந்த நோட்டு நழுவிக் கீழே விழுந்தது. பிறந்ததிலிருந்து அவள் ஒரு வரி பாடியதில்லை. பாடியவள் ஒருத்தி அந்த வீட்டில் இருந்தாள்.

ஃபீபி. பதினோரு மாதம் இளையவள். சின்ன வயதில் இரண்டு பேரையும் அம்மாவே மாற்றிக் கூப்பிடுவாள். ஃபீபி கோழிக்கு இரை போடும்போதும் பாடுவாள், தூக்கத்திலும் பாடுவாள். இருபத்திரண்டு வயதில் டெல்மாஸ் என்ற பியானோ வாத்தியாரைக் கட்டிக்கொண்டு நியூ ஆர்லியன்ஸுக்குப் போய்விட்டாள். சபை அவளை விலக்கியது. அப்பா அவள் பெயரைச் சொல்லக் கூடாது என்றார். அவளிடமிருந்து வந்த கடிதங்களைப் பிரிக்காமல் திருப்பி அனுப்பச் சொன்னார். அனுப்பியது பியூலாவின் கை. அப்பா இறந்த பிறகு வந்த இரண்டு கடிதங்களையும் அந்தக் கை தானாகவே திருப்பி அனுப்பியது. அதற்கப்புறம் கடிதம் வரவில்லை.

"அவ கையில மோதிரம் இருந்துதா?" என்று கேட்டாள்.

"அவளா? நீங்கதானேம்மா?" ஓபர்ஹோல்ட்சர் அவள் வெறுங்கையைப் பார்த்தார். தாடியைத் தடவினார். "ஆமா, இருந்துச்சு. விரலுக்குப் பெருசா, கழண்டு விழுற மாதிரி."

தெருவுக்கு வந்தபோது பியூலாவுக்கு முதலில் கோபம்தான் வந்தது. ஊருக்குள் வந்துவிட்டாள், இத்தனை வருஷம் கழித்து, வீட்டுக் கதவைத் தட்டாமல் கண்ணாமூச்சி ஆடுகிறாள்! கோபத்துக்கு அடியில், சொல்ல வெட்கப்படும்படியான ஒரு சந்தோஷமும் இருந்தது. பியூலா நாளைக்கு எங்கே போவாள் என்று தெரிந்துகொண்டு ஒருத்தி முந்தி வருகிறாள் என்றால் பட்டியலைப் பார்த்திருக்க வேண்டும். ஆனால் பட்டியல் பியூலாவின் தலைமாட்டில் பூட்டிய பெட்டிக்குள் இருந்தது. அதை யோசித்தபோது சந்தோஷம் குறைந்தது.

டெலவேர் ஆற்றங்கரையில் மாலுமிகளுக்கான வாசகசாலை. கப்பல் ஏறுகிறவர்களுக்குப் பெட்டி பெட்டியாகப் புத்தகம் கொடுத்தனுப்புகிற இடம். உப்பில் ஊறிய அட்டைகள், பாதிக்குமேல் பக்கம் கிழிந்தவை. ஒற்றைக்கால் மாலுமி ஒருவர் அதைப் பார்த்துக்கொண்டார்.

"நேத்து மூணு மணிக்கு வந்தீங்க," என்றார், கேட்பதற்கு முன்பே. "உடம்பு தேவலையா?"

"எப்படி இருந்தா?"

"எப்படி இருந்தீங்கன்னா கேக்கறீங்க? மூச்சு விடவே கஷ்டப்பட்டீங்க. குடிக்கத் தண்ணி எடுத்துட்டு வந்தேன், நாற்காலி காலி. கதவு என் பக்கத்துல தாம்மா இருக்கு. என்னைத் தாண்டாம யாரும் போகமுடியாது. எனக்குக் கால்தான் ஒண்ணு, கண்ணு ரெண்டும் இருக்கு."

அடுத்தது சிறைச்சாலை. இங்கே போகவே வேண்டாம் என்று பியூலா ஒருநாள் முழுக்க அறையிலேயே இருந்தாள். பிறகு போனாள். கைதிகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் தனித்தனி அறையில் கிடக்கும் சிறை அது. நூலகம் என்பது நான்கு சுவர் நிறைய அலமாரியும், கதவிலுள்ள துவாரம் வழியாகப் புத்தகம் தள்ளிக்கொண்டு போகும் ஒரு வண்டியும்தான். மூன்று இரும்புக் கதவுகளைத் திறந்து பூட்டி அவளை உள்ளே கொண்டுபோன அதிகாரி பேசாமல் வந்தார். நூலக அறைக் கதவைத் திறந்ததும் அவர் கால் நின்றுவிட்டது. அறையில் இருந்த ஒரே நாற்காலி கதவைப் பார்த்துப் போட்டிருந்தது.

"நேத்து சாயங்காலம் நாலேகாலுக்கு," என்றார் மெதுவாக, "இந்தக் கதவை நான் திறந்தேன். நீங்க உள்ள உக்காந்திருந்தீங்க. பூட்டின அறை. சாவி இந்த இடுப்புல இருக்கு. யார் நீங்கன்னு கத்தறதுக்குள்ள இல்ல. கண் கெட்டுப் போச்சுன்னு நினைச்சு வீட்ல கூடச் சொல்லலை. நீங்க அது இல்லதானே அம்மா? ஒரு தடவை பேர் சொல்லிடுங்க."

பெயரைச் சொன்னாள். புத்தகங்களை எண்ணவில்லை. வெளியே வந்து சிறைச் சுவரோரம் நின்று நோட்டைப் பார்த்தாள். ஒன்பது, பதினொன்று, பன்னிரண்டு, மூன்று, நாலேகால். பொழுது சாய்ந்துகொண்டே போயிருந்தது. இது கண்ணாமூச்சி ஆடும் மனுஷி இல்லை. ஃபீபி எங்கோ உயிரோடு இருக்கிறாள், இன்னும் கொஞ்ச நேரம்தான் இருப்பாள். நியூ ஆர்லியன்ஸிலா? எந்தத் தெருவில்? முகவரி எழுதிய கடிதங்களை அவளேதான் திருப்பி அனுப்பியிருந்தாள்.

பட்டியலில் அடுத்த பெயர் தெற்கே ஒரு தர்ம ஆஸ்பத்திரி. அங்கே நாளை மறுநாள் போவதாக எண்ணம். குதிரை டிராம் ஒன்று வந்தது. பியூலா அதில் ஏறினாள். ஒரு தடவையாவது முந்திப் போய்விட வேண்டும். அந்த நாற்காலியில் தான் உட்கார்ந்துகொண்டு, வருகிறவளைப் பார்த்துவிட வேண்டும். அதற்குமேல் அவளுக்கு ஒன்றும் ஓடவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் யாரும் அவளை அடையாளம் கண்டுகொள்ளவில்லை. அதுவே நெஞ்சைக் கொஞ்சம் தணித்தது. நூலகம் பெண்கள் வார்டின் கோடியில், சன்னலுக்குக் கீழே இரண்டு அலமாரித் தட்டு. வார்டில் வெளிச்சம் மங்கத் தொடங்கியிருந்தது. பியூலா தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, அலமாரிப் பக்கத்து நாற்காலியை வாசலைப் பார்த்துத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தாள். சுவர்க் கடிகாரத்தில் ஐந்தாகப் பத்து நிமிஷம்.

துணிக்கூடையோடு ஒரு தாதி உள்ளே வந்தாள். பியூலாவைப் பார்த்ததும் கூடையைத் தொப்பென்று போட்டாள்.

"எழுந்திரிக்கக் கூடாதுன்னு எத்தனை தடவை சொல்றது? டாக்டர் பார்த்தார்னா என்னைத்தான் தின்னுருவார்! யார் உனக்குத் துணி மாத்திவிட்டது? வா, படுக்கைக்கு வா."

"நான்... நான் நோயாளி இல்லை."

தாதி கிட்டே வந்தாள். உற்றுப் பார்த்தாள். பிறகு தலையைத் திருப்பி, வார்டின் மறுகோடியில் திரை மறைத்திருந்த ஒரு கட்டிலைப் பார்த்தாள்.

"அம்மா," என்றாள், குரல் இறங்கி, "அப்ப அங்க படுத்திருக்கறது யாரு?"

திரைக்குப் பின்னால், பியூலாவின் முகமே தலையணையில் கிடந்தது. அதே நெற்றி, அதே மூக்கு, கன்னம் மட்டும் உள்ளே போயிருந்தது. மோதிரம் நூல் சுற்றி விரலில் நிறுத்தியிருந்தது. மஞ்சள் காய்ச்சலில் புருஷனைப் பறிகொடுத்து, ரயிலேறி இந்த ஊருக்கு வந்த அன்றே ஸ்டேஷனில் விழுந்தவள். ஏழு வாரமாகக் காலைக் கீழே வைக்கவில்லை என்று தாதி சொன்னாள்.

ஃபீபி கண்ணைத் திறந்தாள். "இன்னைக்கு நீ முதல்ல வந்துட்டியாக்கா?"

பியூலா முழங்காலிட்டு உட்கார்ந்தாள்.

"கனவுல நடந்து நடந்து காலெல்லாம் விட்டுப்போச்சு," என்றாள் ஃபீபி. "எங்க போனாலும் புஸ்தகம். ஒரு எடத்துல ஜெர்மன்காரனுங்க என்னமாப் பாடறானுங்க! ஒரு எடம் ஒரே குளிரு, கல்லறை மாதிரி. நீ வருவ வருவன்னு வாசலையே பார்த்தேன். வரவே இல்ல."

"வந்தேன் ஃபீபி. எல்லா எடத்துக்கும் வந்தேன். மறுநாள் வந்தேன்."

"நீ எப்பவும் இப்படித்தான். குளிக்கப் போனாலும் கடைசி."

"புஸ்தகம் இருக்கற எடமாத் தேடணும்னு எப்படித் தோணிச்சு?"

"வேற எங்க போவ நீ? நாட்டியக் கொட்டகைக்கா?" சிரிப்பு இருமலாக மாறியது. அது அடங்கும்வரை பியூலா அவள் முதுகைப் பிடித்துக்கொண்டாள். கடிகாரம் ஐந்து அடித்தது. பியூலா மூச்சைப் பிடித்துக்கொண்டு எண்ணினாள். ஐந்தாவது அடி ஓய்ந்த பிறகும் தங்கையின் கை சூடாகத்தான் இருந்தது.

"கடுதாசியை..." என்று ஆரம்பித்தாள் பியூலா.

"அதெல்லாம் அப்புறம். எதாவது பாடுக்கா."

"எனக்குப் பாடத் தெரியாதுடி."

"தெரியும் எனக்கு. அதான் பாடச் சொல்றேன்."

பியூலா பாடினாள். தங்கை கோழிக்கு இரை போடும்போது பாடிய பாட்டு. வரிகளெல்லாம் அவளுக்குள் அப்படியே இருந்தன, ராகம்தான் வழியில் தொலைந்துவிட்டது. மூன்றாவது கட்டிலில் இருந்த பெண் போர்வைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினாள். ஃபீபி கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

நான்கு நாள் கிடைத்தது. நான்கு நாளும் பியூலா கட்டில் பக்கத்திலேயே இருந்தாள். கடிதங்களில் என்ன எழுதியிருந்தது என்பதை ஃபீபி ஒவ்வொன்றாகச் சொன்னாள். சிலது மறந்துபோயிருந்தது, அதை இரண்டு பேருமாக இட்டுக்கட்டினார்கள். ஐந்தாம் நாள் காலையில், ரொட்டி வண்டி தெருவில் போகும் நேரத்தில், ஃபீபி போய்ச்சேர்ந்தாள். அப்பாவுக்குப் பக்கத்தில் அவளைப் புதைக்க சபைப் பெரியவர்கள் தயங்கினார்கள். பியூலா அவர்களிடம் கெஞ்சவில்லை. வேறு கல்லறைத் தோட்டத்தில் இரண்டு பேருக்கு இடம் வாங்கினாள்.

பட்டியலில் இன்னும் அறுபதுக்குமேல் மிச்சம் இருந்தன. கறுப்பின மக்களின் தேவாலயத்து வாசகசாலை, ஞாயிற்றுப் பள்ளிகளின் அலமாரிகள், மிட்டாய்க்கடைக்குப் பின்னால் நாவல் வாடகைக்கு விடுகிற சந்து, டாக்டர்களின் நூலகம். ஒவ்வொரு வாசலிலும், "எனக்கு முன்னாடி யாராவது வந்தாங்களா?" என்று கேட்டாள். "இல்லையேம்மா," என்றார்கள். நாலைந்து இடத்துக்குப் பிறகு கேட்பதை விட்டுவிட்டாள். அந்த வாசல்களில் கொஞ்ச நேரம் கூடுதலாக நிற்பது மட்டும் பழக்கமாகிவிட்டது.

மார்ச் மாதம் மிஸ்டர் ஷிப்லி பட்டியலைப் பார்த்துக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"முந்நூறு புத்தகத்துக்குக் கீழ இருக்கறதையெல்லாம் அடிச்சுடலாம் மிஸ் ஹாலோவெல். ஆஸ்பத்திரி, நூத்திப் பன்னிரண்டு புத்தகம்! இது நூலகமா? ஜன்னலோரம் ரெண்டு பலகை."

"அது இருக்கட்டும்."

"வெளிநாட்டுக்காரங்க சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். அதை அடிச்சா மத்ததையும் நான் தரமாட்டேன்."

ஷிப்லிக்கு மறுபடியும் படியேறத் தெம்பில்லை. அது அச்சிலும் வந்தது, கடைசிப் பக்கத்தில், சின்ன எழுத்தில்.

வியாழக்கிழமைதோறும் பியூலா அந்த வார்டுக்குப் போய்ப் படித்துக் காட்டினாள். ஃபீபி கிடந்த கட்டிலுக்கு அந்தக் கோடையில் சாராய ஆலையில் வேலைசெய்த ஒரு பெண் வந்தாள், இடுப்பு முறிந்து. பியூலா பக்தி நூல் ஒன்றைத் திறந்ததும் அவள் கையைத் தூக்கினாள்.

"சாமி கதை வேணாங்கம்மா. கொலை எதுனா இருக்கா?"

பியூலா எழுந்து போய்த் தட்டில் தேடினாள். இல்லை. அடுத்த வாரம் மிட்டாய்க்கடைச் சந்துக்குப் போய், குவேக்கர் தொப்பியோடு வரிசையில் நின்று, இரண்டு வாங்கிவந்தாள்.