ஐவர்சனின் அறுபது ஏக்கர்

நான்காவது வீட்டுக் கதவைத் தட்டுவதற்கு முன் டோரீன் பூட்ஸில் ஒட்டியிருந்த சேற்றைப் புல்லில் நன்றாகத் தேய்த்துக்கொண்டாள். சர்ச்சுக்குப் போட்டுப் போகும் நீலக் கோட்டைத்தான் போட்டிருந்தாள். வேட்டைக் கோட்டோடு போய் நின்றால், நாம் வாயைத் திறக்குமுன்பே வீட்டுக்காரர்கள் மனதுக்குள் பதிலைச் சொல்லி முடித்துவிடுகிறார்கள் என்பதை முதல் வீட்டிலேயே கற்றுக்கொண்டாயிற்று. கக்கத்தில் கவுண்டி ஆபீஸில் வாங்கிய நிலப் புத்தகம். யாருக்கு எத்தனை ஏக்கர், ஓடைக்கு எந்தப் பக்கம் என்று பெயரோடு கட்டம் கட்டமாக அதில் போட்டிருக்கும். அக்டோபர் பிறந்து பத்து நாள் ஆகிவிட்டது. துப்பாக்கி வேட்டை தொடங்க இன்னும் ஆறு வாரம்தான். ஐம்பத்து நாலு வயதில், வாழ்க்கையில் முதல் தடவையாக, மான் சுட அவளுக்கு நிற்க ஓரடி நிலம் இல்லை.

முப்பது வருடம் ஜாஸ்ட்ரோ குடும்பத்து நிலத்தில் சுட்டாள். மேட்டில் இருந்த ஓக் மரத்தில் அவளுக்கென்று ஒரு பரண். அந்த மரத்தை வேறு யாரும் தொட மாட்டார்கள். ஏப்ரலில் விவாகரத்து முடிந்தபோது, கார் அவளுக்கு, படகு கர்டிஸுக்கு, பெரிய ஃப்ரீசர் அவளுக்கு என்று நீதிபதி பிரித்துக் கொடுத்தார். நிலம் மாமனார் பேரில் இருந்தது. அதைப் பற்றிப் பேச்சே எழவில்லை. வருடம் இரண்டு மான் நிறைந்திருக்கும் ஃப்ரீசரில் இப்போது ஒரு பட்டாணிப் பையும் இரண்டு ரொட்டியும்தான் கிடந்தன. பள்ளிக்கூடச் சமையலறைச் சம்பளத்தில் கடையில் மாட்டிறைச்சி வாங்கிச் சாப்பிடலாம்தான், செத்துவிட மாட்டாள். ஆனால் இறைச்சி மட்டும் காரியமில்லை. வருடம் முழுக்க அவள் யாருக்காவது மனைவி, யாருக்காவது அம்மா, முந்நூறு பிள்ளைகளுக்கு உருளைக்கிழங்கு மசியல் அள்ளிப்போடும் கை. துப்பாக்கி வேட்டை நடக்கும் அந்த ஒன்பது நாள் மட்டும், விடியும் முன் மரத்தில் ஏறி மூச்சை அடக்கி உட்கார்ந்திருக்கிறபோது, அவள் வேறு ஒருத்தி. அந்த இன்னொருத்திக்குத்தான் இப்போது போக்கிடம் இல்லாமல் போய்விட்டது.

அரசாங்கக் காட்டையும் போன சனிக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். மண்பாதை ஓரத்தில் பதினோரு வண்டி. மரத்துக்கு மரம் யார் யாரோ பரண் கட்டியிருந்தார்கள். முகம் தெரியாத அத்தனை துப்பாக்கிகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்காரும் துணிச்சல் அவளுக்கு இல்லை.

வீடுகளிலும் பலிக்கவில்லை. முதல் வீட்டுக்காரருக்கு ஒன்பது மருமகன்கள். மரம் பத்தவில்லை என்றார். இரண்டாவது வீட்டில் பட்டணத்துப் பல் டாக்டர்கள் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்தார்கள். "மூணு வருஷமா வர்றாங்க. பீர் பெட்டிதான் காலியாகுது, மானு ஒண்ணும் குறையல. கொழுத்துப்போய் என் கொட்டகை வாசல்ல வந்து நிக்குது" என்று அந்த மனிதர் சிரித்தார். ஆனால் ஒப்பந்தம் ஒப்பந்தம்தானே. மூன்றாவது வீட்டுப் பெண் டோரீனின் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, கணவர் காரிலேயே இருக்கிறாரா என்று விசாரித்தாள். இல்லை, எனக்குத்தான் கேட்கிறேன் என்றதும் அவள் முகத்தில் ஓர் இரக்கம் வந்தது. அந்த இரக்கத்தோடேயே கதவைச் சாத்தினாள்.

நான்காவது, ஹார்லன் ஐவர்சன் வீடு. புத்தகத்தில் இந்தப் பெயரைப் பார்த்தபோதே விரல் தாண்டிப் போய்விட்டது. சுற்றிச் சுற்றி வேறு வழியில்லாமல்தான் திரும்பி வந்தாள். அறுபது ஏக்கர். முன்னால் குதிரை மசால் தீவனப் பயிர், நடுவில் மக்காச்சோளம், பின்னால் ஓடையும் சதுப்புக் காடும். மானுக்குத் தின்னவும் படுக்கவும் அளந்து வைத்ததுபோல் நிலம். வேலி நெடுக, வேட்டைக்கு அனுமதியில்லை என்ற பலகை.

கதவைத் திறந்தவருக்கு எழுபதை ஒட்டி வயதிருக்கும். உள்ளே ரேடியோவில் கால்பந்து ஓடிக்கொண்டிருந்தது.

"போர்டப் பாக்கலையா?"

"பாத்தேன் ஐயா. ஒரு வார்த்தை கேட்டுப் பாக்கலாம்னு."

"பேரு?"

"டோரீன். டோரீன் ஜாஸ்ட்ரோ."

கதவு பாதி மூடியது. "கர்டிஸ் பொண்டாட்டியா?"

"இப்ப இல்ல. ஏப்ரல்லயே முடிஞ்சுபோச்சு."

ஐவர்சன் அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு கதவை அகலத் திறந்தார். "அவன விட்டுட்டு வந்துட்டியா? நல்லதாப் போச்சு. உள்ள வாம்மா."

காப்பி கொடுத்தார். மாடுகளை இரண்டு வருடம் முன்பு விற்றுவிட்டாராம். தனியாகத்தான் இருக்கிறாராம். பேச ஆள் கிடைத்ததும் பழைய கோபம் எல்லாம் கொட்டியது. பன்னிரண்டு வருடத்துக்கு முன் கர்டிஸ் ஜாஸ்ட்ரோ அடிபட்ட மானைத் துரத்திக்கொண்டு, கேட்காமல் கொள்ளாமல், இவர் வேலிக் கம்பியை வெட்டிக்கொண்டு உள்ளே வந்ததையும், அன்று ராத்திரி பனி கொட்டியதையும், வெட்டிய இடம் வழியாகக் கிடாரிகள் ரோட்டுக்குப் போனதையும், பால் லாரியில் ஒன்று அடிபட்டதையும் சொன்னார். அவர் கையால் புட்டிப்பால் கொடுத்து வளர்த்த கிடாரி அது. விடிந்து போய்ப் பார்த்தபோதும் தலையைத் தூக்கி அவரைப் பார்த்ததாம்.

"நேராப் போய்க் கேட்டேன். வெக்கமே இல்லாம, ஆமா நான்தான் வெட்டினேன்னான். அவன்கூட இத்தனை வருஷம் எப்படித்தான் குப்பை கொட்டினியோ."

டோரீன் காப்பிக் கோப்பையைச் சுற்றியிருந்த தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஐவர்சன் பழைய காலண்டர் தாள் ஒன்றைக் கிழித்து, அதன் பின்பக்கத்தில், டோரீன் ஜாஸ்ட்ரோ என் நிலத்தில் இந்த ஒன்பது நாளும் வேட்டையாடலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். இருபது வருடத்தில் நான் எழுதிக் கொடுத்த முதல் சீட்டு இது என்றார். அவள் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டாள்.

கம்பியை வெட்டியது அவள்.

மானைச் சுட்டதும் அவள்தான். குண்டு வயிற்றில் பட்டு, அது வேலியைத் தாண்டி ஐவர்சன் நிலத்துக்குள் போய்விட்டது. வயிற்றில் பட்ட மான் சாக நேரம் பிடிக்கும். அப்படி ஒன்றைக் காட்டில் விட்டுவிட்டு வீட்டுக்குப் போகக் கூடாது என்று அவளுக்குச் சின்ன வயதிலேயே சொல்லியிருந்தார்கள். ஐவர்சன் வீட்டில் கேட்டுவிட்டுப் போகலாம் என்றான் கர்டிஸ். அவள்தான் கேட்கவில்லை. பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. தேடிப் பிடித்துவிட்டார்கள், ஆனால் முள்கம்பிக்கு மேல் அதைத் தூக்க முடியவில்லை. கட்டிங் பிளேயர் அவள் கோட்டுப் பையில் இருந்தது. காலையில் வந்து கட்டிவிடலாம் என்று சொன்னவளும் அவளே. ஐவர்சன் வந்து முற்றத்தில் நின்று கத்தியபோது அவள் சமையலறை ஜன்னலுக்குப் பின்னால் நின்றிருந்தாள். கர்டிஸ் திரும்பிக்கூடப் பார்க்காமல் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டான். அதற்கப்புறம் எத்தனை சண்டை. அவள் தம்பி குடித்ததையும், அவள் கருகவிட்ட சட்டியையும், கல்யாணத்தன்று மழை பெய்ததையும்கூட அவன் சொல்லிக் காட்டியிருக்கிறான். இதை மட்டும் ஒரு நாளும் எடுத்ததில்லை.

சீட்டைக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டி வைத்தாள். திங்கட்கிழமை அதைப் பார்க்கச் சந்தோஷமாக இருந்தது. செவ்வாய்க்கிழமை பால் எடுக்கக் கதவைத் திறக்கும்போது கண்ணை வேறு பக்கம் வைத்துக்கொண்டாள். யாருக்கும் தெரியப் போவதில்லை, பன்னிரண்டு வருடமாகிவிட்டது, கர்டிஸும் சொல்லப் போவதில்லை. அவன் சொல்லப் போவதில்லை என்பதுதான் உறுத்தியது. அவனை விட்டு வந்ததற்கு அவளிடம் ஆயிரம் காரணம் இருந்தது. அத்தனையும் உண்மை. ஆனால் அந்தச் சீட்டை அவளுக்கு வாங்கிக் கொடுத்த காரணம் மட்டும் உண்மையில்லை.

சனிக்கிழமை காலை போனாள். ஐவர்சன் கொட்டகைக்குப் பக்கத்தில் விறகு அடுக்கிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. பரண் கட்ட இடம் பார்க்க வந்தாயா என்றார். அவள் சீட்டை எடுத்து நீட்டினாள்.

"அந்தக் கம்பிய வெட்டினது கர்டிஸ் இல்ல ஐயா. நான்."

அவர் கையில் இருந்த விறகை அடுக்கில் வைத்தார். சரியாக உட்காரவில்லை. எடுத்துத் திருப்பி வைத்தார்.

"அவன் எங்கிட்ட நான்தான்னானே."

"சொன்னான். நான் சொல்லச் சொல்லல."

"அப்புறம் ஏன் சொன்னான்?"

"தெரியல. நானும் கேட்டதில்ல."

அவர் ரோட்டுப் பக்கம் திரும்பினார். ரோட்டில் ஒரு டிராக்டர் வந்து, கடந்து, சத்தம் ஓய்கிறவரை பார்த்துக்கொண்டிருந்தார்.

"பன்னெண்டு வருஷம். தீவனக் கடையில அவனப் பாத்தா மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போவேன். அவன் அம்மா சாவுக்குக்கூட நான் போகல." கோபத்தைவிடச் சலிப்புதான் அந்தக் குரலில் இருந்தது. "போன வாரம் எங்காப்பியக் குடிச்சிக்கிட்டு இதையெல்லாம் கேட்டுக்கிட்டு உக்காந்திருந்த."

"ஆமா."

"இப்ப வந்து சொல்றியே, எதுக்கு? உன் மனசு ஆறணும்னா?"

அதுவும் இருக்கலாம் என்றாள். அவர் சீட்டை வாங்கி, நாலாக மடித்து, சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அவள் காரை நோக்கித் திரும்பினாள்.

"அந்த மான் கெடச்சுதா?" என்று பின்னாலிருந்து கேட்டார்.

"கெடச்சுது. உங்க ஓடைப் பக்கம். உசுரு இருந்துச்சு. நான்தான் முடிச்சு வெச்சேன்."

அவர் கையுறைகளைக் கழற்றி விறகின் மேல் போட்டார். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. குதிரை மசால் வயலின் ஓரமாக நடக்கத் தொடங்கினார். கொஞ்சம் நின்று யோசித்துவிட்டு டோரீனும் பின்னால் போனாள். முழங்கால் வலிக்காரர் நடை. அவரை முந்திவிடாதபடி அவள் அடியைக் குறைத்துக்கொண்டாள். மக்காச்சோளம் அறுக்காமல் காய்ந்து நின்று காற்றில் சரசரத்தது. சதுப்புக் காடு தொடங்குகிற இடத்தில், கை மொத்தத்துக்கு ஓர் இளமரம் பட்டை உரிந்து வெளுத்து நின்றது. ஆண் மான் கொம்பைத் தேய்த்த இடம். நேற்றோ இன்று விடியலிலோ. மரத்தின் சாறு இன்னும் காயவில்லை. ஐவர்சன் அதைக் கட்டைவிரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, அவளும் பார்க்கட்டும் என்பதுபோல் ஒதுங்கி நின்றார். பிறகு வடக்கே மோவாயை நீட்டிக் காட்டினார்.

"அந்த மேட்டுக்கு அந்தப் பக்கம் புதுசா ஒரு வீடு வந்திருக்கு. சின்னப் பிள்ளைங்க இருக்கு. அந்தத் திசைக்குத் துப்பாக்கி திரும்பவே கூடாது."

அது தனக்கு அனுமதி கொடுத்ததா, நிலத்தைப் பற்றிப் பொதுவாகச் சொன்னதா என்று அவள் கேட்கவில்லை. கேட்க நேரமும் இருக்கவில்லை. ஐவர்சன் அவள் முழங்கையை லேசாகத் தொட்டார். சோள வரிசைக்கும் காட்டுக்கும் நடுவில் ஒரு பெண் மான் வெளியே வந்து நின்றது. அதன் பின்னால் இந்த வருடக் குட்டிகள் இரண்டு, புள்ளி மறைந்து குளிர்காலச் சாம்பல் ஏறிய உடம்போடு. காற்று இவர்கள் பக்கமாக அடித்துக்கொண்டிருந்ததால் அவற்றுக்கு வாசம் தெரியவில்லை. தாய் மான் காதுகளை ஒன்று மாற்றி ஒன்றாகத் திருப்பியது, ஒரு முன்காலைத் தூக்கி, தரையில் வைக்காமல், அப்படியே நின்றது. ஐவர்சன் மூச்சு விடுவதை நிறுத்தியிருந்தார். டோரீனும்.