கறுப்புக் கிடாவின் ஏழாம் நாள்

பதின்மூன்றாம் தேதி வெள்ளிக்கிழமையில் விழுந்தால் அபசகுனம் என்று தகனத்துக்கு யாரும் நேரம் கேட்பதில்லை. அதனால்தான் கிளிஃப் சக்டனுக்கு இறந்த ஏழாம் நாளே இடம் கிடைத்தது. வேறு வாரமாக இருந்தால் பத்துப் பன்னிரண்டு நாள் காத்திருந்திருக்க வேண்டும்.

"உயிரோட இருந்தப்பவே வரிசையில நின்ன ஆள் இல்ல, இப்ப நிப்பானா," என்று வில்ஃப் சொன்னபோது, சவ ஊர்தியின் பின்னால் நடந்தவர்கள் சிரித்தார்கள். கிளிஃபின் மனைவி மேவிஸும் சிரித்தாள். சிரித்து முடித்த பிறகுதான் தான் எதன் பின்னால் நடந்துகொண்டிருக்கிறோம் என்பது அவளுக்கு உறைத்தது.

மதியம் இரண்டரைக்கெல்லாம் எல்லோரும் கறுப்புக் கிடா என்ற மேவிஸின் பப்புக்குத் திரும்பிவிட்டார்கள். பன்றி இறைச்சி சாண்ட்விச், கறி அடைத்துச் சுட்ட பை, ஊறவைத்த வெங்காயம், பெரிய பாத்திரம் நிறையத் தேநீர். இன்று யாரும் காசு எடுக்கக் கூடாது என்று மேவிஸ் காலையிலேயே சொல்லியிருந்தாள். பீர் குழாய்க்குப் பின்னால் கிளிஃபின் தம்பி டெனிஸ் நின்று ஊற்றிக்கொண்டிருந்தான். மற்றவர்களுக்கு ஒன்று, தனக்கு ஒன்று என்கிற கணக்கில்.

வந்தவர்கள் ஒவ்வொருவராக மேவிஸின் கையைப் பிடித்து ஒரே விஷயத்தைத்தான் சொன்னார்கள். "எதையும் இப்ப யோசிக்காத கண்ணு. எதுக்கும் அவசரமில்ல." பாதிரியார் சொன்னார். பீர்க் கம்பெனிக்காரர் சொன்னார். தலையை ஆட்டிக்கொண்டே அவள் சாண்ட்விச் தட்டுகளை நிரப்பினாள்.

முப்பத்தொரு வருஷத்துக்கு முன்னால் கிளிஃபும் அவளும் இந்த பப்பை வாங்கியபோது சாயக்காரர் தெருவில் ஏழு பப் இருந்தன. சாய ஆலையில் மூன்று ஷிப்ட் ஓடியது. மதியச் சங்கு ஊதுவதற்கு முன்பே நாற்பது பைன்ட் பீர் ஊற்றி வரிசையாக வைத்துவிட வேண்டும். சங்கு ஊதி நாலாவது நிமிஷம் அத்தனையும் காலியாகிவிடும். ஆட்களின் கை முழங்கை வரை நீலமாகவோ சிவப்பாகவோ இருக்கும். எந்த நிறம் ஓடுகிறது என்பதைக் கண்ணாடித் தம்ளரைப் பார்த்தே சொல்லிவிடலாம். பிறகு ஆலையை மூடினார்கள். ஒரு வருஷம் நஷ்டஈட்டுப் பணத்தில் குடித்தார்கள். அதன் பிறகு பப்கள் ஒவ்வொன்றாக விழுந்தன. ஒன்று கம்பளக் கடை ஆனது, ஒன்று பல் டாக்டர் வீடு, மற்றவை ஜன்னலில் பலகை அடித்துக் கிடந்தன. ஆலையே அடுக்குமாடி வீடாகி, வெளியூரிலிருந்து ஆட்கள் வந்து குடியேறினார்கள். கறுப்புக் கிடா மட்டும் நின்றது. எதையும் மாற்றாமலிருந்ததால் நின்றது என்று கிளிஃப் சொல்வான். மாற்றக் காசில்லாததால் என்று மேவிஸ் சொல்வாள்.

வாசல் நிலைக்கு மேலே கறுப்புப் பலகையில் வெள்ளை எழுத்து: கிளிஃபோர்ட் சக்டன், மது விற்க உரிமம் பெற்றவர். எழுதியது வில்ஃப். திங்கட்கிழமை அவன், "போர்டுல உன் பேரை எழுதிடட்டுமா?" என்று கேட்டிருந்தான். "முதல்ல அவனுக்கு நினைவுக் கல்லு வைக்கிறேன். அப்புறம் பாக்கலாம்," என்றாள் மேவிஸ். அவனும் சொன்னான், "அவசரமில்ல."

மூன்றே முக்காலுக்குக் கதவு திறந்தது. 

எதிரே ஆலைக் கட்டடத்தின் இரண்டாம் மாடியில் குடியிருக்கும் மிஸ் ஃபாரோ நின்றிருந்தாள். வியாழக்கிழமை விடியலில் பீப்பாய் உருட்டும் சத்தத்தைப் பற்றிக் கவுன்சிலுக்குப் புகார் எழுதுகிறவள். இந்த பப்புக்குள் அவள் கால் வைத்தது இதுதான் முதல் தடவை.

"சாவு வீட்டுல கூட்டம் ஜாஸ்தின்னு எழுதிப் போட வந்திருக்காங்க போல," என்றான் டெனிஸ், எல்லோருக்கும் கேட்கும்படி.

"பேனா இல்லாம வந்திருப்பாங்க. ஒண்ணு குடுத்து அனுப்பு," என்றான் வில்ஃப்.

மிஸ் ஃபாரோ அவர்களைப் பார்க்கவில்லை. நேரே மேவிஸிடம் வந்தாள். "மிசஸ் சக்டன், எனக்கு ரொம்ப வருத்தமா இருக்கு. ஒரு வாரமா அக்கா வீட்டுல இருந்தேன். சவ ஊர்தியைப் பாத்துத்தான் தெரியும். லைசென்ஸ் உங்க வீட்டுக்காரர் பேர்ல மட்டுமா இருந்துச்சு?"

"ஆமா. ஏன்?"

"அவர் போன அன்னிக்கே அதுவும் செத்துப் போச்சு. போன வருஷம் சட்டத்தை மாத்திட்டாங்க. முன்னாடி கோர்ட்டுல குடுத்தப்ப சம்சாரம் அப்படியே நடத்தலாம். இப்ப கவுன்சில் குடுக்குறாங்க. இறந்ததுக்கு மறுநாள்லேர்ந்து ஏழு நாளைக்குள்ள நீங்க எடுத்து நடத்துறதா ஒரு நோட்டீஸ் குடுக்கணும். குடுத்தா உயிர் வரும். இல்லைன்னா வராது."

மேவிஸ் விரல்விட்டு எண்ணினாள். போன வெள்ளி காலை பதினொரு மணிக்கு, புதுப் பீப்பாயைத் திறக்க நிலவறைக்கு இறங்கிய கிளிஃப் படியிலேயே உட்கார்ந்துவிட்டான், பிறகு எழுந்திருக்கவில்லை. சனி ஒன்று, ஞாயிறு இரண்டு.

"இன்னிக்கு ஏழு," என்றாள் மிஸ் ஃபாரோ. "வெள்ளிக்கிழமை ஆபீஸ் நாலரைக்கு மூடிடுவாங்க."

"அப்ப ஞாயித்துக்கிழமை நான் குடிச்ச ஆறு பைன்ட்டு?" என்றான் வில்ஃப்.

"வித்தவங்களுக்குத்தான் குத்தம்."

"அப்பாடா," என்றவன், மேவிஸின் முகத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டான்.

டெனிஸ் பீர் ஊற்றும் மேடையின் மடக்குப் பலகையைத் தூக்கிவிட்டு வெளியே வந்தான். "அண்ணி, இவங்க பேச்சைக் கேக்காதீங்க. அண்ணனை எரிச்ச சூடு ஆறல. திங்கக்கிழமை நான் போய்ப் பேசுறேன். செத்த வீடுன்னு தெரிஞ்சா எவன் கதவைச் சாத்துவான்?"

"சட்டம் சாத்தும்," என்றாள் மிஸ் ஃபாரோ. "புதுசா விண்ணப்பிக்கணும். ரெண்டு மாசம் ஆகும். அக்கம்பக்கத்துல எல்லாரும் ஆட்சேபம் சொல்லலாம்."

"அதைத்தானே நீங்க ஆசைப்பட்டீங்க?"

 மேவிஸ் சுற்றிலும் பார்த்தாள். இரண்டு மாசம் பூட்டிக் கிடந்த பப் திறந்ததாக இந்தத் தெருவில் சரித்திரம் இல்லை. மாடியில்தான் அவள் வீடு. கிளிஃபின் செருப்பு அங்கே கட்டிலடியில் கிடந்தது. கவுன்சில் இருக்கும் ஹால்டன், மேட்டு நிலத்தைத் தாண்டிப் பதினொரு மைல்.

"யார்கிட்ட கார் இருக்கு?"

ஆறு பேரிடம் இருந்தது. ஆறு பேர் கையிலும் தம்ளர் இருந்தது. டெனிஸ் சாவியை எடுத்தான். "நான் மூணுதான் குடிச்சிருக்கேன்."

"அஞ்சு," என்றான் வில்ஃப்.

டாக்சிக்குப் போன் செய்தார்கள். பள்ளிக்கூடம் விடும் நேரம், நாற்பது நிமிஷம் ஆகும் என்றார்கள். அந்த அறையில் ஒரு சொட்டும் குடிக்காதவள் ஒருத்திதான் இருந்தாள். அவளுக்கு யாரும் ஊற்றித் தரவில்லை.

"என் கார் வாசல்ல நிக்குது," என்றாள் மிஸ் ஃபாரோ.

"அண்ணி, அண்ணன் காரியம் நடக்குற வீட்டை விட்டு இவங்களோட கிளம்பிப் போறீங்களா? ஊரு என்ன சொல்லும்?"

மேவிஸ் கோட்டை மாட்டினாள். லைசென்ஸ் எண் வேண்டும் என்றாள் மிஸ் ஃபாரோ. அது அம்பெறியும் டார்ட்ஸ் போட்டியில் வென்ற கோப்பைகளுக்குப் பக்கத்தில் சட்டம் போட்டு மாட்டியிருந்தது. எழுதிக்கொள்ளப் பேனா தேட நேரமில்லை. மேவிஸ் நாற்காலி மேல் ஏறி, கண்ணாடியோடு சேர்த்துச் சட்டத்தையே கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டாள். ஆணி சுவரிலேயே நின்றது.

மேட்டு நிலச் சாலையில் பனிமூட்டம் இறங்கிக்கொண்டிருந்தது.  மேவிஸ் மடியில் சட்டத்தை நிமிர்த்தி வைத்திருந்தாள். கண்ணாடியில் அவள் தொப்பியின் நிழலும், அதற்குக் கீழே கிளிஃபின் பெயரும் தெரிந்தன.

"மூணு கடுதாசி எழுதினீங்க," என்றாள் நாலு மைல் தாண்டியதும்.

"நாலு."

"நாலாவது வரலையே."

"அதை அனுப்பல. அதுல கொஞ்சம் கெட்ட வார்த்தை இருந்துச்சு."

மேவிஸ் ஜன்னல் பக்கம் திரும்பினாள். சிரிப்பு வந்துவிடுமோ என்று பயமாக இருந்தது.

"அப்புறம் எதுக்கு இதைப் பண்றீங்க?"

"எங்க கட்டடத்துல ஒரு மனு தயாரா இருக்கு, மிசஸ் சக்டன். பதினாலு கையெழுத்து. நீங்க புதுசா விண்ணப்பிச்சா அன்னிக்கே அனுப்பிடுவாங்க. எனக்குத் தெரியும். டைப் அடிச்சது நான்."

மேவிஸின் கை சட்டத்தை இறுக்கியது.

"அடிச்சு முடிச்சப்புறம் யோசிச்சேன். பப்பை மூடினா அங்கயும் வீடு கட்டுவாங்க. ரெண்டு வருஷம் கான்கிரீட் மிஷின். வாரத்துக்கு ஒரு நாள் பீப்பாய் தேவலை." கொஞ்ச தூரம் போய், "உங்க வீட்டுக்காரர் ஒரு தடவை மாடி ஏறி வந்து எனக்கு நுரைப் பஞ்சு குடுத்தார். காதுல வச்சுக்க. நான் கதவைச் சாத்திட்டேன். அவர் அதை வாசல்ல வச்சுட்டுப் போனப்புறம் எடுத்து வச்சுக்கிட்டேன். நல்லாத்தான் இருந்துச்சு," என்றாள்.

கிளிஃப் அதைச் சொன்னதே இல்லை.

வளைவு தாண்டியதும் கார் நின்றது. சாலை முழுக்க ஆடுகள். கடைசியில் ஒரு விவசாயி நாயோடு நடந்து போய்க்கொண்டிருந்தான். மணி நாலு எட்டு. மிஸ் ஃபாரோ ஹாரன் மேல் கை வைத்தாள்.

"அடிக்காதீங்க. மிரண்டா திரும்பி ஓடிவரும். இன்னும் பத்து நிமிஷம் போயிடும்." மேவிஸ் கண்ணாடியை இறக்கித் தலையை நீட்டினாள். "அண்ணே, எங்களுக்கு ஆபீஸ் மூடிடும்."

விவசாயி அவளுடைய கறுப்பு உடுப்பைப் பார்த்தான். தொப்பியைக் கழற்றினான். "நீங்க நிதானமா இருங்கம்மா. அவசரமில்ல, அவசரமில்ல," என்று சொல்லி, மரியாதைக்காக ஆடுகளை இன்னும் மெதுவாக நடத்தினான்.

மிஸ் ஃபாரோ ஏதோ சொன்னாள். அந்த நாலாவது கடுதாசியில் இருந்த வார்த்தையாக இருக்கும் என்று மேவிஸ் நினைத்துக்கொண்டாள்.

கவுன்சில் கட்டடத்துக்குள் ஓடும்போது மணி நாலு இருபத்தொன்று. உரிமப் பிரிவு நிலவறைத் தளத்தில் இருந்தது. படி இறங்க வேண்டும். முதல் படியில் மேவிஸின் கால் நின்றுவிட்டது. ஏழு நாளாக அவள் எந்த நிலவறைப் படியிலும் இறங்கவில்லை. பீப்பாய் மாற்ற டெனிஸைத்தான் அனுப்பினாள்.

"மிசஸ் சக்டன்?"

"வரேன்," என்று கைப்பிடியைப் பிடித்து இறங்கினாள்.

கவுண்டரில் இருந்த பெண் ஏற்கெனவே கோட்டு போட்டிருந்தாள். தொப்பி, கறுப்பு உடுப்பு, அக்குளில் சட்டம் போட்ட காகிதம் எல்லாவற்றையும் பார்த்ததும் அவள் முகம் இளகிவிட்டது. "ஐயோ பாவம். இன்னிக்குத்தான் அடக்கமா? இப்படியா ஓடிவருவீங்க? வீட்டுக்குப் போய் ஓய்வெடுங்கம்மா. திங்கக்கிழமை நானே பாத்துக்குறேன். ஒண்ணும் அவசரமில்ல."

ஒரு கணம் மேவிஸுக்கு அப்படியே திரும்பிவிடலாம் போலிருந்தது. காலையிலிருந்து நிற்கிறாள். அந்தக் குரல் அவ்வளவு இதமாக இருந்தது. பின்னால் மிஸ் ஃபாரோ மூச்சை இழுப்பது கேட்டது. ஆனால் அவள் பேசவில்லை. பேச வேண்டியது யார் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

"எனக்கு அவசரம்," என்றாள் மேவிஸ். "ஒரு வாரமா எல்லாரும் அவசரமில்லன்னே சொல்றீங்க. அந்த ஃபாரத்தைக் குடுங்க."

இரண்டு பக்கம். முகவரி, எண், கட்டடத்தில் இவருக்கு என்ன உரிமை. அதுவரை பேனா ஓடியது. அடுத்த கட்டம்: முந்தைய உரிமதாரர் பெயர். அதற்கும் கீழே: உரிமம் காலாவதியான தேதி.

ஏழு நாளில் கிளிஃப் இறந்த அந்தத் தேதியை அவள் எங்கும் எழுதவில்லை. பத்திரிகைக்கு டெனிஸ் சொன்னான், பதிவாளரிடம் டெனிஸ் போனான். சுவர்க் கடிகாரத்தில் நாலு இருபத்தேழு. கவுண்டர் பெண் விளக்கு சுவிட்சைப் பார்த்தாள். மேவிஸ் முந்தைய என்ற சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள். மிஸ் ஃபாரோ அவள் கையிலிருந்து சட்டத்தை வாங்கி, கிளிஃபின் பெயர் தெரியும்படி கவுண்டர் மேல் நிமிர்த்திப் பிடித்தாள். அவ்வளவுதான் செய்தாள்.

மேவிஸ் பார்த்து எழுதினாள், பள்ளிக்கூடத்தில் எழுதுவதுபோல, ஒவ்வொரு எழுத்தாக. ஆறு, அக்டோபர், இரண்டாயிரத்து ஆறு. கையெழுத்து.

முத்திரை விழுந்தபோது நாலு இருபத்தொன்பது. போலீசுக்கு ஒரு நகல் இன்றைக்கே போயாக வேண்டும். ஸ்டேஷன் எதிரிலேயே இருந்தது. அங்கிருந்த சார்ஜன்ட் வாங்கிப் படித்துவிட்டு, "கறுப்புக் கிடாவா? அங்க கறி பை நல்லாருக்கும்," என்று கையெழுத்துப் போட்டார். வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்துதான் மேவிஸ் அந்த வாரத்தில் முதல் தடவையாக அழுதாள். மிஸ் ஃபாரோ தள்ளி நின்று பஸ் அட்டவணையைப் படித்துக்கொண்டிருந்தாள்.

ஆறு மணிக்குத் திரும்பினார்கள். பப்பில் விளக்கு எரிந்தது, ஆனால் சத்தமே இல்லை. கதவைத் திறந்தால் முப்பது பேர் கோப்பையும் தட்டுமாகத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். பீர்க் குழாய்களின் கைப்பிடிகள் மேல் துண்டு போர்த்தியிருந்தது, கடை மூடிய பிறகு போர்த்துவதுபோல.

"சும்மா குடுத்தா குத்தமில்லைன்னுதான் நானும் நினைச்சேன்," என்றான் டெனிஸ், தரையைப் பார்த்துக்கொண்டு. "ஆனா எதுக்கு வம்பு. அண்ணன் பேரு போர்டுல இருக்கு."

"ரெண்டு மணி நேரமா டீ, மேவிஸ்," என்றான் வில்ஃப். "வயித்துக்குள்ள குளம் வெட்டியிருக்கான் இவன்."

மேவிஸ் சட்டத்தை அதே ஆணியில் மாட்டினாள். கோட்டைக் கழற்றாமலே பீர் ஊற்றும் மேடைக்குப் பின்னால் போனாள். கிளிஃப் நிற்கும் இடம் அது. அவள் எப்போதும் அடுப்பங்கரைப் பக்கத்து ஓரத்தில்தான் நிற்பாள். துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து மடித்து வைத்தாள். ஒரு தம்ளரைச் சாய்த்துப் பிடித்து, குழாயின் கைப்பிடியை நீளமாக ஒரே இழுப்பு இழுத்தாள். நுரை அடங்கும்வரை காத்திருந்து, அதை மிஸ் ஃபாரோ முன்னால் வைத்தாள்.

"எனக்கு பீர் பழக்கமில்ல."

"பழகிக்கங்க."

டெனிஸ் நாற்காலி ஒன்றை மிஸ் ஃபாரோவின் பக்கம் காலால் தள்ளினான். அவன் அளவுக்கு அது பெரிய மன்னிப்பு.

குழாய் திடீரென்று இருமி, காற்றைக் கக்கியது. பீப்பாய் காலி. டெனிஸ் நிலவறைக் கதவுப் பக்கம் நகர்ந்தான்.

"நீ இரு. நான் போறேன்," என்றாள் மேவிஸ்.

கதவைத் திறந்து விளக்கைப் போட்டாள். முதல் படியில் நின்று திரும்பினாள்.

"வில்ஃப், நாளைக்கு ஏணியையும் பெயின்ட்டையும் எடுத்துட்டு வா. அவன் பேரை அழிக்காத. கீழ இடம் இருக்கு, அங்க என் பேரை எழுது. எட்டு மணிக்கு முன்னாடி வராத, எதிர்ல ஆளுங்க தூங்குவாங்க."

பிறகு கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள்.  அவள் செருப்புச் சத்தம் ஒன்பது படி கேட்டது. அப்புறம் புதுப் பீப்பாயைத் திறக்கச் சுத்தியல் விழும் சத்தம்.