மச்சான் பெய்த மழை

மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதனை செய்கிறவன் அவன். ஆனால் நாடகக் குழுவில் அவனுக்கு ஒரே பெயர்தான்: மச்சான். அக்காவின் கணவர் வாய்க்கு வாய் அப்படிக் கூப்பிடப் போய், குழுவே அதைப் பிடித்துக்கொண்டது. திரை இழுக்கும் அம்மாளுக்குப் பேரன் பேத்தியே இருக்கிறார்கள். அவருக்கும் அவன் மச்சான்தான்.

குழு அக்காவுடையது. நாடகத்தை எழுதுவது, இயக்குவது, நடிகர்களைத் திட்டுவது மூன்றும் அவள் பொறுப்பு. கதாநாயகன் அத்தான். மச்சான் மேடை ஏறவே மாட்டான். அதனால் அரங்கின் பின்பக்கம், மேடையைப் பார்க்கக் கண்ணாடி ஜன்னல் வைத்த ஒரு சின்ன அறையில் அவனை உட்கார வைத்து, இடி, மழை, தொலைபேசி, நாய் எல்லாவற்றையும் அவன் கையில் ஒப்படைத்திருந்தார்கள். எல்லாம் அக்கா வீட்டு லேப்டாப்புக்குள் இருந்தன.

அந்த லேப்டாப்புக்கு முன்கோபம் அதிகம். அக்கா வீட்டுக் கூடத்தில் நடக்கும் ஒத்திகையில் இடி கேட்டால் யோசிக்கும். யோசித்து யோசித்து அப்படியே உறைந்துவிடும். அணைத்து, மறுபடி போட்டு, அது கண் விழிப்பதற்குள் மேடையில் இருப்பவர்கள் டீ குடிக்கப் போய்விடுவார்கள். அப்போது, யாருமே கேட்காத நேரத்தில், வீடே அதிர ஒரு இடி இடிக்கும். போதாக்குறைக்கு, தினமும் திரையின் ஓரத்தில் ஒரு பெட்டி எட்டிப்பார்க்கும்: ‘புதிய அப்டேட் தயார். இப்போதே நிறுவலாமா? பிறகா?’ அடம்பிடிக்கும் குழந்தையைச் சமாளிப்பதுபோல மச்சான் ‘பிறகு’ என்பதை அழுத்தி அழுத்தியே காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தான்.

அரங்கேற்றம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். ஒரு பெரிய கட்டடத்தின் அடித்தளத்தில் இருந்த அரங்கம் அது. உள்ளே நுழைந்தால் கைப்பேசிக்குச் சிக்னல் செத்துவிடும். நாடகம் சுத்தமான சோகம். வெகுநாளாக மகனைக் காணாத ஒரு தாய், புயலடிக்கும் ஓர் இரவில் அவன் திரும்பி வந்ததும் அவன் மடியிலேயே உயிரை விடுகிறாள். தாயாக நடித்தவர் நிஜ வாழ்க்கையில் பல் டாக்டர். வசனத்தில் ஒரு எழுத்தைக்கூட மாற்ற மாட்டார். மற்றவர்கள் மாற்றினால், வலிக்கும் பல்லைப் பார்ப்பதுபோல அவர்களைப் பார்ப்பார்.

முதல் பாதி எந்தக் குறையும் இல்லாமல் முடிந்தது. பின்வரிசையில் யாரோ மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்டு அக்கா பூரித்துப் போனாள். இடைவேளையில் மச்சான் நிம்மதியாக முகம் கழுவப் போனான். திரும்பி வந்தபோது அவன் நாற்காலியில் ஒட்டுமீசையோடு அத்தான் உட்கார்ந்திருந்தார். லேப்டாப் திரை நீலமாக இருந்தது. நடுவில் வெள்ளைப் புள்ளிகள் வட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்தன. ‘அப்டேட் நடக்கிறது. 4 சதவீதம். கணினியை அணைக்க வேண்டாம்.’

“அத்தான்… என்ன பண்ணீங்க?”

“நான் ஒண்ணுமே பண்ணல மச்சான். மீசை ஒரு பக்கம் உரிஞ்சு வந்துச்சு. மேக்கப் ரூம்ல கண்ணாடிக்கு முன்னாடி கூட்டம். சரி, இதுல கேமராவைப் போட்டு முகம் பாக்கலாம்னு வந்தேன். மூக்குக்கு மேல ஒரு பெட்டி வந்து நின்னுச்சு. போகச் சொன்னேன்.”

“எப்படிப் போகச் சொன்னீங்க?”

“ஏதோ கேட்டுச்சு. ஆமான்னேன்.”

மச்சான் லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்தான். அணைக்கலாமா என்று பொத்தானுக்கு அருகில் விரலைக் கொண்டுபோனான். ‘அணைக்க வேண்டாம்’ என்று அது முறைத்தது. விரலை எடுத்துக்கொண்டான். கைப்பேசியில் ஒலிகளைத் தேடலாம் என்றால் சிக்னல் இல்லை. திரை 5 சதவீதம் என்றது. அந்த ஒரு சதவீதம் ஏறுவதற்குள் இடைவேளை பாதி முடிந்திருந்தது.

செய்தி எட்டியதும் அக்கா ஓடிவந்தாள். கணவரை ஒரு பார்வை பார்த்தாள். அவர் மீசையைப் பிடித்துக்கொண்டு மேடைப் பக்கம் நழுவினார்.

“டேய், மைக் வேலை செய்யுதா?”

“செய்யுது.”

“உனக்கு வாய் இருக்கா?”

“…இருக்கு.”

“அப்புறம் என்ன?” என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள்.

விளக்குகள் அணைந்தன. திரை விலகியது. மச்சான் மைக்கை வாயருகே இழுத்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு மழையை ஆரம்பித்தான். “ஷ்ஷ்ஷ்ஷ்ஷ்…”

அவ்வளவுதான், அரங்கம் கப்சிப். முறுக்கிக்கொண்டிருந்த மிட்டாய்க் காகிதத்தை ஒரு பெண் அப்படியே கைக்குள் மூடினாள். தங்களைத்தான் யாரோ அதட்டுகிறார்கள் என்று எல்லோரும் நினைத்துவிட்டார்கள். முன்வரிசைப் பெரியவர் ஒருவர் திரும்பி, “நாங்க பேசவே இல்லீங்களே!” என்றார்.

மேடையில் ஜன்னலோரம் நின்ற பல் டாக்டர், மனம் நொந்த குரலில் தன் வசனத்தைச் சொன்னார்: “இந்த மழை விடவே விடாதா?”

சரியாக அந்த நேரத்தில்தான் மச்சானுக்கு மூச்சு வாங்கியது. மழை பட்டென்று நின்றது. மச்சான் அவசரமாக மூச்சை இழுத்த சத்தம் ஒலிபெருக்கி வழியாக அரங்கம் முழுக்கக் கேட்டது. மறுபடி, “ஷ்ஷ்ஷ்ஷ்…”

எங்கோ ஒருவர் களுக்கென்று சிரித்தார். இடிக்காக மேசைக்கு அடியில் இருந்த தகர அலமாரியை மச்சான் எட்டி உதைத்தான். இடி நன்றாகவே வந்தது. கூடவே, “ஆ… காலு!” என்று வானம் அலறியது. இப்போது ஒரு வரிசையே சிரித்தது.

மச்சான் ஓரக்கண்ணால் திரையைப் பார்த்தான். 38 சதவீதம். ‘கொஞ்ச நேரத்தில் முடிந்துவிடும்’ என்று எழுதியிருந்தது. யாருடைய கொஞ்ச நேரம் என்று எழுதவில்லை.

அடுத்து மகன் வருகை. வாசலில் நாய் குரைக்க வேண்டும். மச்சானுக்கு நாய் என்றால் பயம். எந்த நாயையும் அவன் நின்று கேட்டதில்லை. குரைப்பு தொடங்கியதுமே ஓடிவிடுவதுதான் வழக்கம். ஆகவே அவன் வாயிலிருந்து வந்தது, தொண்டை கட்டிய ஒருவர் தயங்கித் தயங்கிச் சொன்ன “வவ்… வவ்” மட்டுமே.

அரங்கம் குலுங்கியது. வாசற்படியில் நின்ற அத்தானுக்கு உதடு துடித்தது. சும்மா வந்திருக்கலாம். ஆனால் சிரிப்புக் கேட்டுவிட்டால் அவருக்கு நாக்கு அரிக்கும்.

“ஏம்மா, நம்ம நாய்க்கு உடம்புக்கு முடியலையா?”

இது வசனத்தில் இல்லை. அக்கா திரை மறைவில் நின்று தன் தலையில் தானே அடித்துக்கொண்டாள். எல்லோரும் பல் டாக்டரைப் பார்த்தார்கள். அவர் வலிக்கும் பல்லைப் பார்ப்பதுபோல அத்தானைப் பார்த்தார். பிறகு, வாழ்நாளில் முதன்முறையாக, சொந்தமாக ஒரு வசனம் சொன்னார்.

“அதுக்குப் பல்லெல்லாம் போயிடுச்சுப்பா.”

அரங்கமே கை தட்டியது. பல் டாக்டரின் முகம் சிவந்து, பிறகு மலர்ந்தது. அந்தக் கைதட்டல் அவரை என்னவோ செய்துவிட்டது என்று மச்சானுக்குக் கண்ணாடி வழியாகவே தெரிந்தது.

அப்புறம் தொலைபேசி. மச்சான் மறுபடி கண்ணை மூடிக்கொண்டு, “ட்ரிங் ட்ரிங், ட்ரிங் ட்ரிங்” என்றான். அத்தான் போனை எடுத்தார். கண்ணை மூடியிருந்த மச்சானுக்கு அது தெரியவில்லை. “ட்ரிங் ட்ரிங்.”

“ஹலோ,” என்றார் அத்தான்.

“ட்ரிங் ட்ரிங்.”

“எடுத்துட்டேன்.”

“ட்ரிங்…”

“அட, எடுத்துட்டேன்னு சொல்றேன்ல!”

“சாரி அத்தான்,” என்றது தொலைபேசி.

முன்வரிசைப் பெரியவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பக்கத்தில் இருந்தவர் மேல் சாய்ந்தே போனார்.

எப்படியோ உருண்டு புரண்டு கடைசிக் காட்சிக்கு வந்தார்கள். தாய் மகன் மடியில் சாயும் இடம். இங்கே எந்த ஒலியும் கிடையாது. மழைகூட ஓய்ந்துவிடும். ‘இதாவது பிழைக்கட்டும்’ என்று அக்கா கைகூப்பி நின்றாள். மச்சான் நிம்மதியாக மைக்கை அணைத்துவிட்டு நாற்காலியில் சரிந்தான். பல் டாக்டர் அழகாகச் சாய்ந்தார், அழகாகக் கையை உயர்த்தினார், அழகாக உயிரை விட்டார். அத்தான் குலுங்கி அழுதார். சிரித்துக்கொண்டிருந்தவர்கள்கூட அடங்கிப் போனார்கள். ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி.

அந்த அமைதியில் லேப்டாப் நூறு சதவீதத்தைத் தொட்டது.

முதலில் ‘டிங்டாங்’ என்று ஒரு மணி அடித்து எல்லோரையும் வரவேற்றது. மச்சான் பாய்ந்து வந்து கண்ட பொத்தானையெல்லாம் அழுத்தினான். அது புது உற்சாகத்தில் இருந்தது. எதையும் காதில் வாங்கவில்லை. மூடிப்போன நாடக ஒலிகளைத் தானாகவே திறந்து, முதலிலிருந்து தொடங்கியது. முதல் காட்சி விடியற்காலை. இறந்துபோன தாயின் மேல், முழுச் சத்தத்தில் ஒரு சேவல் கூவியது.

“கொக்கரக்கோ!”

பிணத்தின் வயிறு குலுங்கியது. அத்தான் அழுகையை நிறுத்தி அண்ணாந்து பார்த்தார்.

“அம்மா… விடிஞ்சிருச்சும்மா.”

சேவல் இன்னொரு தடவை கூவியது. பல் டாக்டரால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. எழுந்து உட்கார்ந்து, கலைந்த முடியை ஒதுக்கிக்கொண்டு சொன்னார்: “கொஞ்சம் கண்ணசந்துட்டேன்பா. காபி போடட்டுமா?”

திரை இழுக்கும் அம்மாள் சிரித்த சிரிப்பில் கயிறு கைநழுவி, திரை தானாகவே வந்து விழுந்தது.

கைதட்டல் ஓயவே இல்லை. மச்சான் ஒலி அறையில் தலையைக் கவிழ்த்து உட்கார்ந்திருந்தான். அக்கா வரும் காலடி கேட்டது. அடி விழுமா, அழுகை வருமா என்று தெரியாமல் அவன் மேசையை இறுகப் பிடித்துக்கொண்டான். அவள் வாயைத் திறப்பதற்குள் அந்த முன்வரிசைப் பெரியவர் பின்னாலேயே வந்துவிட்டார்.

“அம்மா, நீங்கதானே எழுதினது? சோக நாடகம்னு போட்டிருந்தீங்க, வேண்டா வெறுப்பாத்தான் வந்தேன். இப்படிச் சிரிச்சு எத்தனையோ வருஷமாச்சு. அந்த நாய் யாரு?”

மச்சான் மெதுவாகக் கையைத் தூக்கினான். பெரியவர் அந்தக் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவர் போன பிறகு அக்கா அறைக் கதவைச் சாத்தினாள். “சோகமா எழுத எனக்கு ஒரு வருஷம் ஆச்சுடா,” என்றாள். அவள் குரல் லேசாக உடைந்தது. உடைந்த இடத்திலிருந்து ஒரு சிரிப்பு வெளியே வந்தது. அவளே எதிர்பார்க்கவில்லை.

அரங்கத்துக்காரர் அடுத்த மாதமும் அதே நாடகம் வேண்டும் என்றார். “நாயும் அப்படியே வரணும்,” என்று கறாராகச் சொல்லிவிட்டார். லேப்டாப் இனி நாடகத்துக்கு வேண்டாம் என்று முடிவானது. அப்டேட்டுக்குப் பிறகு அது ஒரு தடவைகூட மக்கர் பண்ணவில்லை, கேட்ட மாத்திரத்தில் இடி இடித்தது என்பதுதான் மச்சானுக்குத் தாங்க முடியாத எரிச்சல்.

ஒத்திகை அக்கா வீட்டுக் கூடத்தில் மறுபடி ஆரம்பமானது. மச்சானை நடுவில் நிறுத்தி அக்கா மழை சொல்லிக் கொடுத்தாள். “வறண்டு போய் இருக்குடா. இன்னும் கொஞ்சம் ஈரமா பெய்.” அவனும் பெய்தான். எல்லாம் சுமுகமாகப் போனது, கடைசிக் காட்சி வரும்வரை.

“இங்க நீங்க சாகணும் டாக்டரம்மா,” என்றாள் அக்கா. “அதுல மட்டும் மாத்தமில்ல. நான் எழுதினது அப்படித்தான்.”

பல் டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கால்மேல் கால் போட்டுக்கொண்டார்.

“சாக மாட்டேன்.”

“டாக்டரம்மா!”

“முடியாதும்மா. வேணும்னா உன் புருஷனைச் சாகச் சொல்லு.”

அத்தான் ஆர்வமாக முன்னால் வந்தார். எங்கே படுப்பது என்று கேட்டார்.