அரையாண்டுக்குப் புரட்ட வேண்டிய மெத்தை

2015 டிசம்பரில் தொடங்கி எட்டு வருஷம், தாயம்மா வீட்டு மெத்தையின் அடிப்பக்கத்தில் அடையாறு ஓடிக்கொண்டிருந்தது. மேல்பக்கத்தில் அவள் மகள் பொன்மணி படுத்துத் தூங்கினாள். மந்தைவெளியில் அந்த வீடு எது என்று கேட்டால், மொட்டை மாடியில் பூனைகள் காவல் இருக்கும் வீடு என்று இஸ்திரி வண்டிக்காரர் கை காட்டிவிடுவார். மெத்தை ஓரத்திலிருந்து எப்போதாவது ஒரு ஜிலேபி மீன் துள்ளி வந்து தரையில் விழும் என்பது அந்தப் பூனைகளுக்குத் தெரியும். கீழ்வீட்டுக் கூரையில் மெத்தை நீளத்துக்கு, மெத்தை அகலத்துக்கு, ஓர் ஈரக்கறை இருந்தது. வீட்டுக்கார அம்மாள் ஜமீலுன்னிசா ஒன்றுக்கு இரண்டு பிளம்பர்களை வரவழைத்துப் பார்த்தார். கறைக்கு நேர் மேலே குழாயே போகவில்லையே என்று தலையைச் சொறிந்துவிட்டு, கொடுத்த டீயைக் குடித்துவிட்டு அவர்கள் போய்விட்டார்கள்.

மெத்தை முதலில் ஜமீலுன்னிசாவுடையதுதான். கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். மகன் காஷிஃபுக்கு ஆசையாக வாங்கிய மெத்தை வந்து இறங்கிய வாரமே அவனுக்கு மஸ்கட்டில் வேலை கிடைத்துவிட்டது. பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் சுவரில் சாய்ந்து நின்ற அந்த ஒற்றை ஆள் மெத்தையை, வீட்டு வேலைக்கு வந்துகொண்டிருந்த தாயம்மாவுக்குக் கொடுத்தார். டீச்சர் புத்தி சும்மா இருக்குமா, கூடவே ஒரு சட்டத்தையும் சொல்லி அனுப்பினார். காலாண்டுப் பரீட்சை வந்தால் தலைமாட்டைக் கால்மாடாக மாற்றிப் போட வேண்டும். அரையாண்டுக்கு அடி மேலாகப் புரட்ட வேண்டும். முழுஆண்டுக்கு மறுபடியும் தலைமாடு கால்மாடு. அவருடைய கல்யாண மெத்தை இந்தச் சட்டத்தின்படி நடந்துதான் இன்னும் குழி விழாமல் கிடந்தது. "ஒரே பக்கமே பாரத்தைத் தாங்கிட்டிருந்தா எந்த மெத்தையா இருந்தாலும் செத்துப்போயிடும் தாயம்மா" என்றார்.

தாயம்மாவின் புருஷன் கோதண்டபாணி மெத்தையைத் தன் மூன்று சக்கர மீன்பாடி வண்டியில் கிடத்தி, சாமி ஊர்வலம் போல மெதுவாக மிதித்துக்கொண்டு, கோட்டூர்புரத்து ஆற்றங்கரையில் இருந்த வீட்டுக்குக் கொண்டுபோனான். டீச்சரின் சட்டம் எல்லாவற்றுக்கும் தலையாட்டியவன், உறையைப் பிரிக்க மட்டும் சம்மதிக்கவில்லை. "கவர கிழிச்சா அப்பவே பழசாயிடும் தாயி. புச்சா கீது, அப்டியே கெடக்கட்டும்" என்றான். பொன்மணிக்கு அப்போது ஆறு வயது. புரண்டு படுத்தால் பிளாஸ்டிக் சரசரக்கும், முதுகு வேர்த்து ஒட்டிக்கொள்ளும். ஆனாலும் அவளுக்கு அதில் படுத்தால்தான் தூக்கம் வந்தது. காலாண்டு வந்தது, தலைமாட்டைக் கால்மாடாக மாற்றினார்கள். அரையாண்டுக்குப் புரட்ட வேண்டிய வாரத்தில் ஆறு வந்தது.

அது வந்த வேகத்தில் எதையும் எடுக்க நேரமில்லை. பிள்ளை படுத்திருந்த மெத்தை தானாகவே தரையை விட்டுக் கிளம்பியது. உறை பிரிக்காததால் அது மிதந்தது. கோதண்டபாணி தாயம்மாவைப் பக்கத்து மாடி வீட்டுச் சுவரில் ஏற்றிவிட்டு, மெத்தையை வாசல் வழியாக வெளியே தள்ளிக்கொண்டு போனான். ஃபோம் மெத்தை அல்லவா, பிள்ளையின் பாரத்தில் நடுவில் மடங்கப் பார்த்தது. உடனே அவன் அடியில் போய், இரண்டு கைகளையும் தூக்கிப் பிள்ளையின் முதுகுக்கு நேர் கீழே முட்டுக் கொடுத்தான். தாயம்மா சுவர் மேல் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் அவன் மார்புக்கு வந்தது, வாய்க்கு வந்தது, பிறகு தலை தெரியவில்லை. தலை மறைந்த பிறகும் மெத்தை மடங்கவில்லை. பலகை போல நேராகவே போய்ப் பாலத்தைத் தாண்டிற்று. மறுநாள் தாயம்மா தேடிக்கொண்டு போனபோது ஒரு பள்ளிக்கூட மதில் ஓரம் மெத்தை ஒதுங்கிக் கிடந்தது, பொன்மணி அதன்மேல் சொட்டு நனையாமல் தூங்கிக்கொண்டிருந்தாள். கோதண்டபாணி எங்கேயும் ஒதுங்கவில்லை.

காய வைக்கலாம் என்று, உதவிக்கு வந்த பையன்கள் நாலு பேர் மெத்தையின் ஒரு பக்கத்தைத் தூக்கினார்கள். அடிப்பக்கத்தில் ஒரு மூலையில் உறை கிழிந்திருந்தது. அந்தக் கிழிசல் வழியாகக் கொட்டத் தொடங்கிய தண்ணீர் ஒரு மணி நேரம் ஆகியும் நிற்கவில்லை. ஊறிப்போச்சு, குப்பையில போடுங்க அக்கா என்று சொல்லிவிட்டு அவர்கள் வேறு வேலையைப் பார்க்கப் போனார்கள். தாயம்மா குனிந்து அடியில் பார்த்தாள். பிளாஸ்டிக் உறைக்கு உள்ளே, கண்ணாடிக்குப் பின்னால் தெரிவது போல, ஆறு போய்க்கொண்டிருந்தது. கலங்கல் தண்ணீரும் ஆகாயத்தாமரையும் யாரோ ஒருவருடைய ஒற்றைச் செருப்பும் தலைமாட்டிலிருந்து கால்மாட்டுக்குப் போயின. மெத்தையை மெல்லப் பழையபடி கிடத்தி, மேலே பிள்ளையை உட்கார வைத்து, அதன் பக்கத்தில் குந்திக்கொண்டாள்.

கரையில் இருந்த மற்றவர்களை லாரியில் ஏற்றி ஊருக்கு வெளியே குடியமர்த்தினார்கள். தாயம்மா போகவில்லை. ஜமீலுன்னிசா தன் மொட்டை மாடி அறையை ஒழித்துக் கொடுத்தார். மெத்தையை மாடிக்குக் கொண்டுபோனது பெரிய கதை. சாய்க்காமல், விளிம்பு நிரம்பிய சாம்பார் அண்டாவைத் தூக்குவது போல ஆறு பேர் தூக்கிப் போனார்கள். ஆனாலும் படி திரும்பும் இடத்தில் கொஞ்சம் சரிந்துவிட்டது. அன்று மாடிப்படியெல்லாம் சேறு. அதை எறிந்துவிட்டு வேறு மெத்தை வாங்க வேண்டியதுதானே என்று தெருவில் கேட்காத ஆள் இல்லை. பொன்மணியை வேறு எங்கே படுக்க வைத்தாலும் அவளுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை, மூச்சு முட்டி எழுந்துவிட்டாள். தாயம்மாவுக்கு வேறு வழி இருக்கவில்லை.

தாயம்மாவுக்குப் பயம் என்றால் அப்படி ஒரு பயம். வாளியைப் பாதிக்கு மேல் நிரப்ப மாட்டாள். கீழ்வீட்டில் மோட்டார் போட்டால் மாடியில் அவள் நெஞ்சு அடித்துக்கொள்ளும். மெத்தைக்குப் பக்கத்தில் தரையில் படுத்து, மகளின் கணுக்காலையும் தன் மணிக்கட்டையும் ஒரு பழைய துப்பட்டாவால் முடிந்துகொள்வாள். காலாண்டுக்கும் முழுஆண்டுக்கும் மெத்தையைத் தரையோடு தரையாக நகர்த்தித் திருப்புவார்கள், ஓர் ஓரம்கூட உயராமல். அரையாண்டு வந்தால் மட்டும் ஜமீலுன்னிசா கீழேயிருந்து "புரட்டியாச்சா?" என்று கேட்பார். "ஆச்சி டீச்சரம்மா" என்று தாயம்மா மேலேயிருந்து பொய் சொல்வாள். புரட்டினால் ஆறு அறைக்குள் வந்துவிடும், புருஷனைக் கொண்டுபோனது மகளையும் கொண்டுபோய்விடும் என்று பயந்தாள். அதைவிடப் பெரிய பயம் ஒன்றும் இருந்தது. புரட்டினால் அடியில் என்ன இருக்கிறது என்று தெரிந்துவிடும். நெற்றியில் பொட்டும் கையில் வளையலுமாக இருந்த தாயம்மா அதைத் தெரிந்துகொள்ள விரும்பவில்லை.

தெரு இதற்கெல்லாம் சீக்கிரமே பழகிவிட்டது. மழைக்காலத்தில் ஏரியிலிருந்து ஆற்றில் தண்ணீர் திறக்கப் போவதாகச் செய்தி வந்தால், டிவியை நம்பாமல் தாயம்மாவிடம் வந்து கேட்டார்கள். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு, கிழிசல் வழியாகக் கையை விட்டுப் பார்ப்பாள். மணிக்கட்டு நனைந்தால் பயமில்லை. முழங்கை நனைந்தால் வண்டிகளை மேம்பாலத்தில் ஏற்றி நிறுத்திவிடுவார்கள். வேளச்சேரியிலிருந்துகூட ஆட்கள் போன் போட்டுக் கேட்டார்கள், தாயம்மாவின் முழங்கை ஒரு தடவையும் தப்பாகச் சொன்னதில்லை.

மெத்தையின் மேல்பக்கத்தில், பொன்மணியின் தோள்பட்டைகளுக்குக் கீழே, இரண்டு புடைப்புகள் இருந்தன. ஃபோம் கட்டி தட்டிவிட்டது என்றுதான் தாயம்மா முதலில் நினைத்தாள். தலைமாட்டைக் கால்மாடாக மாற்றினால் அவையும் கால்பக்கம் போக வேண்டும் அல்லவா? போயின. ஆனால் பொன்மணி படுத்த சற்று நேரத்தில் நகர்ந்து வந்து, மறுபடியும் அவள் முதுகுக்குக் கீழே நின்றுகொண்டன. ஒரு நாள் மகள் பள்ளிக்கூடம் போயிருந்தபோது தாயம்மா ஒரு புடைப்பின் மேல் தன் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். ஐந்து விரல்கள் தட்டுப்பட்டன. கையைச் சடக்கென்று இழுத்துக்கொண்டு, அன்று பூராவும் பாத்திரம் தேய்த்தாள்.

பொன்மணி வளர்ந்தாள். பாவாடை போய்ச் சுடிதார் வந்தது, உடம்பும் கனத்தது. மெத்தை வருஷத்துக்கு வருஷம் இளைத்தது. அவள் படுத்தால் நடுவில் பள்ளம் விழத் தொடங்கியது. காது வைத்துக் கேட்டால் முன்பு தூரத்தில் கேட்ட தண்ணீர்ச் சத்தம் இப்போது காதருகிலேயே கேட்டது. ஒன்பதாம் வகுப்புக் காலாண்டுக்கு மெத்தையை மாற்றிப் போட்ட அன்று சாயங்காலம், பள்ளிக்கூடத்துக் கதை சொல்வது போலப் பொன்மணி சொன்னாள்: "ம்மா, நைனா கை நடுங்குதும்மா."

தாயம்மா அவளை அறைந்துவிட்டாள். அதற்கு முன் ஒருநாளும் மகள் மேல் கை வைத்ததில்லை. பிறகு அவளே மகளைக் கட்டிக்கொண்டு அழுதாள். எட்டு வருஷம் எதற்குப் பயந்தாளோ அதைப் பிள்ளை எப்போதிலிருந்தோ தெரிந்து வைத்துக்கொண்டு, பயப்படாமல் அதன்மேல் படுத்துத் தூங்கியிருக்கிறது. அவளுக்கு இப்போது பயம் இரண்டு மடங்காயிற்று. புரட்டினாலும் பயம், புரட்டாவிட்டாலும் பயம். அந்தக் கைகள் ஓய்ந்துபோனால் பிள்ளை உள்ளே போய்விடும்.

2023 டிசம்பரில் புயல் வந்தது. இரண்டாம் நாளும் மழை விடவில்லை, கரண்ட் இல்லை, பகல் பன்னிரண்டு மணிக்கே சாயங்காலம் மாதிரி இருட்டிக்கொண்டிருந்தது. கீழ்வீட்டுக்குள் தண்ணீர் ஏறவே, ஜமீலுன்னிசா மருந்து டப்பாவையும் டார்ச்சையும் தூக்கிக்கொண்டு மாடிக்கு வந்தார். வந்தவர் டார்ச்சை அடித்துப் பார்த்தார். மெத்தையில் உட்கார்ந்திருந்த பொன்மணி இடுப்பு வரை பள்ளத்தில் இறங்கியிருந்தாள். அவளைச் சுற்றிப் பிளாஸ்டிக் விடாமல் படபடத்துக்கொண்டிருந்தது. தாயம்மா மகளின் இரண்டு கையையும் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள்.

"இத நீ புரட்டவே இல்லல்ல?" என்று கேட்டார் ஜமீலுன்னிசா.

"பயமா கீது டீச்சரம்மா."

"எனக்கும்தான் பயமா இருக்கு. அதுக்காக? ஒரு பக்கமே எத்தன வருஷம் தாங்கும்? புடி."

பொன்மணியை வெளியே இழுத்துவிட்டு மூன்று பேரும் ஒரு பக்கமாக நின்றார்கள். மெத்தையை நீளவாக்கில் நிமிர்த்தினார்கள். அது நிமிர்ந்து நின்ற அந்தக் கணத்தில் தாயம்மா கண்ணை இறுக மூடிக்கொண்டாள். கிழிசலிலிருந்து தண்ணீர் பீய்ச்சி அடித்து அவள் முகத்தை நனைத்தது. அந்தச் சேற்று வாசனையை அவள் உடம்பு மறந்திருக்கவில்லை. ஆனாலும் பிடியை விடவில்லை. மெத்தை மறுபக்கம் தொப்பென்று விழுந்தது. ஆறு மேலே வந்தது. ஆனால் அறைக்குள் வழியவில்லை. தையல் போட்ட விளிம்பைக் கரையாக வைத்துக்கொண்டு, உறைக்குள்ளேயே அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. அந்தத் தண்ணீரின் மேல், பிளாஸ்டிக்கில் முகம் அழுந்தி, அன்றைக்குப் போட்டிருந்த அதே பனியனும் லுங்கியுமாகக் கோதண்டபாணி கிடந்தான்.

தாயம்மா நகத்தாலும் பல்லாலும் உறையைக் கிழித்தாள். கிழிசல் வழியாக முதலில் வந்தவை அவனுடைய கைகள். முழங்கை மடங்காமல், உள்ளங்கைகள் வானத்தைப் பார்க்க, நேராக எழுந்து நின்றன. நிற்கும்போதே நடுங்கின. அவன் கண்ணைத் திறக்காமல் கேட்டான்.

"புள்ள கரையேறிச்சா?"

பொன்மணிதான் பதில் சொன்னாள். "ஏறிட்டேன் நைனா."

"யாரும்மா நீ? எம் புள்ள கொழந்த. அது கொரலு இப்டி இருக்காது."

கையைக் கீழே இறக்குய்யா என்று ஜமீலுன்னிசா அதட்டிப் பார்த்தார். தாயம்மா அவன் தோளைப் பிடித்து அமுக்கிப் பார்த்தாள். கைகள் ஓர் அங்குலம்கூட இறங்கவில்லை. பிள்ளை கரையேறியது தெரியாமல் இறக்குவதற்கு அவனுக்குப் பைத்தியமா பிடித்திருக்கிறது? அப்போது பொன்மணி மெத்தை ஓரத்தில் அவனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, மெல்லப் பின்னால் சாய்ந்தாள். அவளுடைய தோள்பட்டைகள் இரண்டும் அவன் உள்ளங்கைகளில் பொருந்தின. அவன் அந்தப் பாரத்தைக் கொஞ்ச நேரம் தாங்கிப் பார்த்தான்.

"இதான்" என்றான். "வருசா வருசம் கனத்துக்கினே வந்திச்சி. நல்லா வளந்துகினு கீதுன்னு நெனச்சிக்கினேன்."

அதன் பிறகுதான் கைகளை இறக்கினான். இறக்கினவன் அப்படியே தூங்கிப்போனான், பொங்கல் வரைக்கும் எழுந்திருக்கவில்லை.

எழுந்ததும் உறை கிழிந்து கிடப்பதைப் பார்த்து ஒரு நாள் முழுக்க முறைத்துக்கொண்டு திரிந்தான். இப்போது மறுபடியும் மீன்பாடி வண்டி ஓட்டுகிறான். தோள் முழுசாக இறங்காததால் ஹாண்டில்பாரை உயர்த்தி வெல்டிங் வைத்திருக்கிறான், அதைத் தவிர ஒரு குறையும் இல்லை. கூரையில் கறை காய்ந்துவிட்டது, ஜமீலுன்னிசா வெள்ளை அடித்துவிட்டார். இந்த மெத்தைக்கு மட்டும் அரையாண்டு கிடையாது, தலைமாடு கால்மாடு போதும் என்று அவரே சட்டத்தைத் திருத்திவிட்டார். பொன்மணி எதிர்ச் சுவரோரம் பாயில் படுத்து அசந்து தூங்குகிறாள். கோதண்டபாணி ஆற்றின் மேலேயே படுக்கிறான், நனைவதில்லை. ஏரி திறந்தால் அவன் தலையணை ஒரு சாண் உயரும், தெரு அதைப் பார்த்து வண்டியை மேம்பாலத்துக்கு ஏற்றும். தாயம்மாவுக்கு மட்டும் பயம் போகவில்லை. மெத்தைக்குப் பக்கத்தில் தரையில் படுத்துக்கொண்டு, தண்ணீருக்குள் ஒரு கையை விட்டு, அவன் முதுகுக்குக் கீழே முட்டுக் கொடுத்துக்கொண்டேதான் தூங்குகிறாள். காலாண்டு வந்தால் மெத்தையை மாற்றிப் போடும்போது, வலது கையை எடுத்துவிட்டு இடது கையைக் கொடுக்கிறாள்.