மெர்லினுக்கு நான்கு நிறம்

1

இந்தக் கதை ஒரு பதிலிலிருந்து பிறந்தது. கேள்வியை நான் கேட்கவேயில்லை.

பாஸ்போர்ட் அளவு படம் எடுக்கக் கள்ளக்குறிச்சியில் ஒரு ஸ்டுடியோவுக்குப் போயிருந்தேன். கம்ப்யூட்டர் திரையில் ஒரு பெண்ணின் முகம் நான்கு கட்டங்களில் இருந்தது. ஒன்றில் முகம் நீலம், ஒன்றில் மஞ்சள், ஒன்றில் ரோஸ், ஒன்றில் பச்சை. நான் அதையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கவனித்த கடைக்காரப் பெண், "அவங்க உசுரோடதான் சார் இருக்காங்க" என்றாள். என் படத்தைக் கவரில் போட்டுக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

மீதியெல்லாம் நான் கட்டியது. கடைக்காரிக்குச் செலினா என்று பெயர் வைத்ததும் நான்தான்.

2

முதல் தொடக்கம்: 'கோமுகி அணை நீரில் மாலைச் சூரியன்…' அடித்துவிட்டேன். அணைக்கு இந்தக் கதையில் வேலையில்லை.

இரண்டாவது: 'அந்தோணிதாஸ் ஒரு கல்நெஞ்சக்காரர்.' அதையும் அடித்தேன். கல்நெஞ்சக்காரர் எதற்காக ஸ்டுடியோ படி ஏறுகிறார்?

மூன்றாவது: 'அந்தோணிதாஸைப் பார்த்ததுமே செலினாவுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது.' இது நிற்கிறது.

கச்சிராயபாளையத்தில் கரும்பு போடுகிறவர் அவர். போன வருஷம் மகள் மெர்லினின் கல்லூரிப் படத்தைக் கொண்டுவந்து, கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடிக்கச் சொன்னார். மெர்லின் சாகவில்லை. சின்னசேலத்து அன்புச்செல்வனைக் கட்டிக்கொண்டு போயிருந்தாள்.

(வெளியூர் வாசகருக்கு: வீட்டை மீறிக் கல்யாணம் செய்த பிள்ளையைச் செத்ததாக அறிவித்துப் போஸ்டர் ஒட்டுகிறவர்கள் எங்கள் பக்கம் உண்டு. பசை காய்வதற்குள் அது அந்தப் பிள்ளையின் போனுக்குப் போய்விடும். ஒட்டுவதே அதற்காகத்தான்.)

இங்கே சுவரில் கலர் முகம் என்றால் இருப்பவர், கருப்புவெள்ளை என்றால் போனவர். செலினா மெர்லினைக் கருப்புவெள்ளை ஆக்கினாள். அவசரத்தில் கலர்ப் படத்தின் மேலேயே சேமித்தும்விட்டாள்; கலர் அதோடு போயிற்று.

இந்த இடத்தில் எனக்குச் செலினாவின் மேல் சந்தேகம். உயிரோடிருக்கும் பெண்ணுக்கு அஞ்சலி அடிக்க முடியாது என்று அவள் ஏன் சொல்லவில்லை? பதில் எழுதிப் பார்த்தேன்: 'இவள் மறுத்தால் அடுத்த கடையில் அடித்திருப்பார்…' உண்மைதான். ஆனாலும் அது வெறும் சமாதானம். அடித்துவிட்டேன். அந்த இடம் காலியாகவே கிடக்கட்டும்.

3

"அந்த போட்டோ உங்கிட்ட இருக்குதாம்மா?"

"எந்த போட்டோங்க?" தெரிந்துகொண்டேதான் கேட்டாள்.

"மெர்லினோடது. வூட்ல ஒண்ணுகூட இல்ல. நீ திருப்பிக் குடுத்ததையும் ஆல்பத்தோட கொளுத்திட்டேன்."

அவரே தொடர்ந்தார். "பேரன் பொறந்திருக்கான். வூட்டுக்கு வாடின்னு அவங்கம்மா போன்ல அழுவுறா. இவ இன்னா சொல்றா தெரியுமா? 'கூடத்துல அண்ணனோட கலர் போட்டோ பக்கத்துல எம்போட்டோவ அப்பா கையால மாட்டட்டும், வர்றேன்'ங்கறா. ஞாயித்துக்கெழம பூசைக்கு அப்பறம் வர்றாளாம்."

"அவங்களையே புதுசா ஒண்ணு அனுப்பச் சொல்லலாமேங்க?"

"கேட்டு வாங்கி மாட்டுனா அது அவ மாட்டுனது. நான் மாட்டுனதா ஆவுமா?"

செலினா பழைய ஃபைலைத் திறந்தாள். கருப்புவெள்ளை மெர்லின் அவர்கள் இருவரையும் பார்த்தாள். அந்தோணிதாஸ் பார்வையைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

"கலர் ஆக்கிக் குடும்மா. இதப் போயி எப்பிடி மாட்டறது?"

4

தானாக நிறம் பூசும் ஒரு செயலியில் முதலில் போட்டுப் பார்த்தாள். வெளுத்த கன்னம், சிவந்த உதடு வந்தன.

"யாரும்மா இது? சீரியல்காரி மாதிரி கீறா. எம்பொண்ணு கருப்பும்மா."

'எம்பொண்ணு' என்று சொல்லிவிட்டோமே என்பதுபோல ஒரு கணம் நிறுத்தினார். (இந்த வரியை வைப்பதா எடுப்பதா என்று இரண்டு நாள் யோசித்தேன். இருக்கட்டும்.)

செலினா அந்தப் படத்தை மூடிவிட்டு ஃபோட்டோஷாப்பைத் திறந்தாள். பிறந்தநாள் பரிசுக்கென்று கல்லூரிப் பிள்ளைகள் கேட்டு வாங்கும், ஒரே முகத்தைப் பல நிறக் கட்டங்களில் காட்டும் பாப் ஆர்ட் அவள் கைக்குப் பழகிய வேலை. முகத்தின் சாம்பல் சாயல்களையெல்லாம் எடுத்துவிட்டு, வெறும் கருப்பு, வெறும் வெள்ளை என்று இரண்டே இரண்டாகப் பிரிக்க வேண்டும். அதன் பிறகுதான் நிறம். அவள் பிரிக்க ஆரம்பித்ததும் அந்தோணிதாஸ் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"இன்னாம்மா, இன்னும் கருப்பாக்கிக்கினே போற! மறுபடியும் சாவடிக்கிறியா?"

"உக்காருங்கப்பா. மொதல்ல இது ஆவணும்."

திரையில் அளவுக் குமிழை ஒரு பக்கம் நகர்த்தினால் முகம் முழுக்க வெளுத்து ஆளே காணோம். மறுபக்கம் நகர்த்தினால் இருட்டு. நடுவில் ஓரிடத்தில் புருவமும் மூக்கும் உதடும் இடது கன்னத்து மச்சமும் மட்டும் நின்றன. செலினா கையை எடுத்துக்கொண்டாள். பிறகு முகத்தில் நீலத்தை ஊற்றினாள்.

"மூஞ்சி போயி நீலமா இருக்குமா?"

"நெஜக் கலரு எங்கிட்ட இல்லப்பா. இருக்கற மாதிரி காட்டுனாதான் வேற யாரோ ஆயிடறாங்க. நீலம்னா, கலரு நம்ம போட்டதுன்னு பாக்கறவங்களுக்கே தெரிஞ்சிடும்."

நீலத்துக்குப் பக்கத்தில் மஞ்சள் வந்தது. கீழே ரோஸும் பச்சையும் வந்தன.

"நாலு எதுக்கும்மா?"

"ஒத்தையா மாட்டுனா அஞ்சலிப் படம் மாதிரி ஆயிடும். செத்தவங்களுக்கு யாரும் நாலு மாட்ட மாட்டாங்க."

"ஒண்ண வெச்சிக்கத் தெரியாதவனுக்கு நாலா?" என்றார். செலினா சிரிக்கவில்லை.

5

கதை இங்கேயே முடிந்திருக்கலாம். ஆனால் செலினாவை உறுத்தும் ஒன்றை நான் மறைத்தால், அது வாசகரை ஏமாற்றுவது.

"அப்பா, ஒண்ணு சொல்லணும். அந்த போஸ்டரு அவங்க போனுக்கும் போயிருக்கும். அதே பார்வ, அதே தலச் சாய்ப்பு. கலரு எவ்ளோ போட்டாலும் இது அந்த போட்டோதான்னு கண்டுபிடிச்சிடுவாங்க."

அவர் அதை நினைத்துப் பார்த்திருக்கவில்லை.

"கண்ணாடில பாக்கற மாதிரி எடம் வலமாத் திருப்பிடட்டுமா? வேற போட்டோ மாதிரி தெரியும்."

திருப்பிக் காட்டினாள். மச்சம் வலது கன்னத்துக்குப் போனது. உண்மையிலேயே வேறு ஒரு நாளில், வேறு ஒரு சந்தோஷத்தில் எடுத்த படம்போல இருந்தது.

(இந்த இடத்தில் அவரை அழவிடச் சொன்னார் எங்கள் பத்திரிகை ஆசிரியர். அழவிட்டு ஒரு பத்தி எழுதினேன். நன்றாகவே வந்தது, அதனால்தான் எடுத்துவிட்டேன்.)

வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்த அந்தோணிதாஸ் கேட்டார்: "இதப் பாத்தா அவளுக்குத் தெரியாதா?"

"தெரியாமப் போவலாம்."

"அப்ப வேணாம். பழையபடியே வெச்சிடு. அத ஒட்டுனவனும் நான்தான், இத மாட்டறவனும் நான்தான். பாத்துட்டு அவளே முடிவு பண்ணட்டும்."

6

முடிவு அ: மெர்லின் படத்தைப் பார்த்துச் சிரிக்கிறாள். "இன்னாப்பா இது, தேர்த் திருவிழா லைட்டு மாதிரி!" எல்லோரும் அழுகிறார்கள். வார இதழுக்குப் பொருத்தமான முடிவு.

முடிவு ஆ: பார்த்ததும் புரிந்துகொள்கிறாள். குழந்தையை அம்மாவிடம் ஒருமுறை கொடுத்து வாங்கிக்கொண்டு, வந்த ஆட்டோவிலேயே திரும்பிவிடுகிறாள். அவளுக்கு அந்த உரிமையும் உண்டு.

முடிவு இ: 'மெர்லின் மெல்லத் திரும்பி அப்பாவின்…'

மேலே போக முடியவில்லை. தன் சாவுச் செய்தியைத் தானே போனில் பார்த்தவள் அவள். அவளை எழுதுகிறேன் என்பதற்காக, அவள் சார்பில் நானே மன்னித்துவிட முடியாது.

எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை. ஆணியைத் தானே அடித்து, படத்தைத் தானே மாட்டிவிட்டு, அந்தோணிதாஸ் கூடத்தில் நிற்கிறார். ஆட்டோ வந்துவிட்டது. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு மெர்லின் வாசல் வரை வந்திருக்கிறாள். கதவு திறந்திருப்பதால் அங்கிருந்தே சுவர் தெரிகிறது. எந்தப் படம் அது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"உள்ள வாம்மா" என்கிறார்.

அவள் இன்னும் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவள் செருப்பைக் கழற்றுகிறாளா, இல்லையா? அதை நீங்கள் சொல்லுங்கள்.