தலையாட்டி

ரொறன்ரோவில் மியூசியக் காவலாளியாக இருந்த நவரட்ணத்துக்கு ஒரு படத்தோடு மட்டும் ஒத்துவரவில்லை. ஐந்நூறு வருசப் பழைய அச்சுப்படம்: யூதாஸ் யேசுவை முத்தமிட்டுக் காட்டிக்கொடுக்கிறான், பக்கத்தில் முக்காடு போட்ட ஒருவன். ஊரில், ஆமியின் சுற்றிவளைப்பில், ஆள் காட்டிக்கொடுக்கச் சாக்கு முகமூடி போட்டு நின்ற தலையாட்டி ஒருமுறை தலையசைத்ததில்தான் அவருடைய தம்பி போனான், திரும்பவில்லை. இந்த முக்காட்டுக்காரனும் ஆள் பார்த்துத் தலையாட்டுவான். போன கிழமை ஒரு வெள்ளைக்காரக் கிழவருக்கு ஆட்டினான். அவர் வாசலில் குளிர்க்கோட்டு மாட்டும்போதே செத்துப்போனார்.

இன்று மனைவி ஜெயமலர் சோற்றுப் பெட்டியோடு வந்தவள், நேரே படத்தடிக்குப் போனாள்.

“உதுக்கு முன்னால நில்லாதையும்.”

“ஏன், உங்கட தலையாட்டி என்னையும் பிடிச்சுக் குடுப்பானோ?”

அவர் படத்துக்கும் அவளுக்கும் நடுவே போய், படத்துக்கு முதுகைக் கொடுத்து நின்றார். அவள் சிரித்தாள். பிறகு அவர் தோளுக்கு மேலால் படத்தைப் பார்த்தவள், சிரிப்பை நிறுத்தினாள்.